அந்தப் பேனா தீரவே இல்லையா? – அரசு வழக்கறிஞரிடம் கேளுங்கள்

(சாலை, பாலம், ரயில் பாதைப் பணிகளில் 24 வருடம் அரசுத் தரப்பு வழக்கறிஞராக இருந்து ஓய்வு பெற்றவர், வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

மெட்ரோ, மேம்பாலம் மாதிரிப் பணிகளுக்கு அரசு வழக்கறிஞராக வர ஆசை, மேடம். தினமும் கோர்ட்டில் வாதாட வேண்டியிருக்குமா?
– சட்டக் கல்லூரி இறுதியாண்டு மாணவி

கோர்ட்டா? மாதத்தில் நாலு நாள் கவுன் போட்டிருந்தால் அதிகம். மீதி நாளெல்லாம் மேஜைதான். டெண்டர் ஷரத்து, அக்ரிமென்ட், நிலம் எடுப்புக் கோப்பு, ஒப்பந்தக்காரர் அனுப்பிய நோட்டீஸ், அதற்கு இன்ஜினியர் எழுதி வைத்திருக்கும் வரைவுப் பதில். அந்த வரைவுகளில் பாதி கோபத்தில் எழுதியதாக இருக்கும். கோபத்தை எடுத்துவிட்டு விஷயத்தை மட்டும் மிச்சம் வைப்பது முதல் வேலை.

மாநில அரசின் ஒப்பந்தம் ஆளுநர் பெயரால் செய்யப்பட வேண்டும் என்று அரசியலமைப்பின் 299-வது பிரிவில் படித்திருப்பீர்கள். பரீட்சைக்காகப் படித்தது முதல் வாரமே தேவைப்படும். ஆனால் என் அனுபவத்தில் பெரிய வம்பு கையெழுத்தில் இல்லை, "தளம் ஒப்படைக்கப்படும்" என்ற வரியில் இருக்கிறது. நிலம் முழுக்கக் கைக்கு வராமலே வேலை உத்தரவு கொடுத்துவிடுவார்கள். முதல் தூணுக்குத் தோண்டினால் குடிநீர்க் குழாய், அடுத்ததற்குத் தோண்டினால் மின்சாரக் கேபிள். கிரேனும் ஆட்களும் சும்மா நிற்கும் ஒவ்வொரு நாளுக்கும் கணக்கு ஓடும். "பகுதி பகுதியாக" என்று இரண்டு சொல் சேர்த்து, எந்தப் பகுதி எந்தத் தேதிக்குள் என்று ஒரு அட்டவணையும் வைத்திருந்தால் பாதி வழக்கு வந்திருக்காது. அதைச் சேர்க்க வைப்பதுதான் உங்கள் வேலை. வழக்கு வந்த பிறகு நீங்கள் செய்வது பெரும்பாலும் ஒட்டுப்போடுவது.

வேலையைத் தாமதப்படுத்திய ஒப்பந்தக்காரரிடம் அபராதம் பிடித்தால், நடுவர் (ஒப்பந்தத் தகராறைக் கோர்ட்டுக்கு வெளியே விசாரித்துத் தீர்ப்புச் சொல்பவர்) அதைத் திருப்பிக் கொடுக்கச் சொல்கிறார். பிறகு அந்த ஷரத்து எதற்கு?
– உதவிப் பொறியாளர்

தம்பி, ஒப்பந்தச் சட்டம் 74-வது பிரிவு ஒரு உச்சவரம்பைத்தான் தருகிறது. ஷரத்தில் எழுதிய தொகை முழுவதும் தானாக நம் கைக்கு வந்துவிடாது. இழப்பே ஏற்படாத இடத்தில் அந்தப் பிரிவைக் காட்டிப் பணத்தைப் பிடித்துக்கொள்ள முடியாது என்று 2015-இல் டெல்லி வளர்ச்சி ஆணையம் சம்பந்தப்பட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதற்கும் முன்னால், தாமதம் யாரால் என்ற கேள்வி இருக்கிறது. அங்கேதான் நாம் விழுகிறோம்.

ஒரு மேம்பால வழக்கு. 14 மாதத் தாமதம், முழுக்க ஒப்பந்தக்காரர் தப்பு என்பது நம் வாதம். ஆதாரம், ஹிண்ட்ரன்ஸ் ரெஜிஸ்டர். எந்தத் தடை என்று தொடங்கியது, என்று நீங்கியது என்று தளத்தில் எழுதும் பதிவேடு. எதிர்த் தரப்பு வக்கீல் வயதானவர். ரெஜிஸ்டரை வாங்கி, ஜன்னல் பக்கம் திரும்பி, வெளிச்சத்தில் பிடித்து ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். அப்புறம் சாட்சிக் கூண்டில் இருந்த நம் இன்ஜினியரைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்: "ஐயா, பதினாலு மாசமா இந்தப் பேனா தீரவே இல்லையா?"

ஒரே மை, ஒரே சாய்வு, ஒரே அழுத்தம். மழைக்காலப் பக்கத்தில்கூட ஒரு கறை இல்லை. வழக்கு வந்த பிறகு உட்கார்ந்து ஒரே ராத்திரியில் எழுதியது என்று எல்லாருக்கும் புரிந்துவிட்டது. இத்தனைக்கும் எழுதியிருந்தது பெரும்பாலும் உண்மை. ஒப்பந்தக்காரர் நிஜமாகவே நாலு மாதம் கம்பி வாங்காமல் இழுத்தடித்தவர். உண்மையை லேட்டாக எழுதியதால் அது பொய் மாதிரி ஆகிவிட்டது. பிடித்த அபராதத்தை வட்டியோடு திருப்பிக் கொடுத்தோம்.

அன்றன்றைக்கு எழுதி, ஒப்பந்தக்காரரின் ஆளிடமும் கையெழுத்து வாங்குங்கள். அவர் போட மறுத்தால், மறுத்தார் என்று எழுதி அன்றே ஒரு கடிதம் அனுப்புங்கள். கால நீட்டிப்புக் கொடுக்கும்போது, அபராதம் விதிக்கும் உரிமையை விட்டுக்கொடுக்காமல் கொடுக்கிறோம் என்று ஒரு வரி சேருங்கள். அந்த வரி இல்லாத நீட்டிப்புக் கடிதத்தை எதிர்த் தரப்பு ஃப்ரேம் போட்டு வைத்துக்கொள்ளும்.

ரயில் பாதைக்கு எங்கள் நிலத்தில் பாதியை எடுக்கிறார்கள். கோர்ட்டில் தடை கிடைக்குமா?
– நில உரிமையாளர்

தடை கிடைப்பது ரொம்பக் கடினம். நடைமுறையில் பெரிய ஓட்டை இருந்தால் தவிர, உங்கள் சக்தியை இழப்பீட்டில் வையுங்கள். முதலில் நோட்டீஸில் எந்தச் சட்டம் என்று பாருங்கள். தேசிய நெடுஞ்சாலைச் சட்டம் என்றால் வழி வேறு. 2014 ஜனவரி 1 முதல் நடப்பில் இருக்கும் 2013-ஆம் வருட நிலம் எடுப்புச் சட்டம் என்றால், சந்தை மதிப்போடு கட்டடம், மரம், கிணறு எல்லாவற்றுக்கும் மதிப்புச் சேர்த்து, அந்த மொத்தத்துக்குச் சமமான தொகையை ஆறுதல் தொகையாகவும் தர வேண்டும்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். பணத்தை வாங்கும்போது "ஆட்சேபத்துடன் பெற்றுக்கொள்கிறேன்" என்று கைப்பட எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். 77-வது பிரிவுப்படி, ஆட்சேபம் இல்லாமல் வாங்கியவர் கூடுதல் கேட்டு 64-வது பிரிவில் மனுப் போட முடியாது. இழப்பீட்டை முடிவு செய்யும் தீர்ப்பாணை வழங்கும்போது நீங்கள் அங்கே இருந்திருந்தால் மனுவுக்கு ஆறு வாரம்தான். அரசு வக்கீலாக இருந்தவள் இதைச் சொல்லலாமா என்றால், தாராளமாகச் சொல்லலாம். கொடுக்க வேண்டியதைக் கொடுத்து நிலம் எடுத்த இடத்தில்தான் வேலை சீக்கிரம் முடிகிறது.

அரசு ஏன் எப்போதும் கடைசி நாளில்தான் மேல்முறையீடு செய்கிறது?

கடைசி நாளிலாவது செய்தால் சந்தோஷம்! நடுவர் தீர்ப்பை எதிர்க்க, 1996-ஆம் வருட நடுவர் மன்றச் சட்டத்தின் 34-வது பிரிவு தருவது மூன்று மாதம். தகுந்த காரணம் இருந்தால் இன்னும் 30 நாள். அதற்கு மேல் ஒரு நாள்கூட மன்னிக்க முடியாது என்று 2001-இலேயே உச்ச நீதிமன்றம் முடித்துவிட்டது. கோப்போ செக்‌ஷன், செயற்பொறியாளர், தலைமைப் பொறியாளர், நிதி, சட்டம் என்று ஊர்சுற்றி வரும். எங்களிடம் வரும்போது எட்டு நாள் பாக்கி இருக்கும்.

2005-இல் தெற்கு ரயில்வே தப்பித்த கதை ஒன்று உண்டு. நடுவர் தீர்ப்பின் நகலைத் தபால் பிரிவு குமாஸ்தா வாங்கிய நாளிலிருந்து எண்ணக் கூடாது, வழக்கைக் கவனித்த தலைமைப் பொறியாளர் கைக்கு வந்த நாளிலிருந்துதான் எண்ண வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதை நம்பி யாரும் தூங்க வேண்டாம். 2012-இல் தபால் துறை 427 நாள் தாமதத்தோடு போனபோது, கோப்பு நகரவில்லை என்ற பழைய பல்லவி இனி எடுபடாது என்று அதே நீதிமன்றம் திருப்பி அனுப்பியது.

நடுவர் தீர்ப்பு வந்துவிட்டால் முடிந்தது என்கிறார்களே?

பெரும்பாலும் ஆம். ஆனால் டெல்லி விமான நிலைய மெட்ரோ வழக்கைப் பாருங்கள். பாதையில் குறைகள் இருக்கின்றன என்று சொல்லி, நடத்தி வந்த தனியார் நிறுவனம் 2012-இல் ஒப்பந்தத்தை முறித்தது. 2017-இல் நடுவர்கள் அதற்குச் சுமார் 2,782 கோடி ரூபாயை அரசுத் தரப்பான டெல்லி மெட்ரோ கொடுக்கச் சொன்னார்கள். உயர் நீதிமன்ற டிவிஷன் பெஞ்ச் (இரு நீதிபதி அமர்வு) ரத்து செய்தது. 2021-இல் உச்ச நீதிமன்றம் மறுபடி உறுதி செய்தது. 2024 ஏப்ரலில், சீராய்வும் தாண்டிய கடைசி வழியான கியூரேட்டிவ் மனுவில், அதே உச்ச நீதிமன்றம் நடுவர் தீர்ப்பைத் தள்ளிவிட்டது. முக்கியமான காரணம் ஒரு காகிதம். பாதையில் ரயில் ஓடலாம் என்று மெட்ரோ ரயில் பாதுகாப்பு ஆணையர் கொடுத்த சான்றிதழை நடுவர்கள் கணக்கில் எடுக்கவில்லை. இந்த அதிர்ஷ்டம் எல்லாருக்கும் வராது. கியூரேட்டிவ் மனு ஜெயிப்பது அபூர்வத்திலும் அபூர்வம்.

கம்பெனிகள் பக்கம் போயிருந்தால் நிறையச் சம்பாதித்திருக்கலாமே, மேடம்?

சம்பாதித்திருக்கலாம். இரண்டு முறை கூப்பிடவும் செய்தார்கள். போயிருந்தால் அந்த இன்ஜினியரிடம் பேனாக் கேள்வியை நானே கேட்டிருப்பேன். அந்த ஆள் அன்று கூண்டிலிருந்து இறங்கி வந்து, "மேடம், தண்ணி இருக்கா?" என்று கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.