எழுதுவித்த இசை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

மேற்கத்தியச் செவ்வியல் இசை பற்றி வந்த கடிதங்களிலிருந்து, இன்றைய இசையமைப்பாளர்களிடம் கேட்டுப் புதிய படைப்புகளை எழுதி வாங்குவது தொடர்பான கேள்விகளை மட்டும் இம்முறை எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஆங்கிலத்தில் இதைக் 'கமிஷன்' என்பார்கள். நம் காதில் அந்தச் சொல் தரகுப் பணமாகவே ஒலிப்பதால், 'எழுதுவித்தல்' என்ற பிறவினையையே கையாளுகிறேன்.

கேள்வி: என் மகள் லண்டனில் குரலிசை பயில்கிறாள். அவளுடைய நிறைவாண்டுக் கச்சேரிக்காக, உடன் பயிலும் ஓர் இளம் இசையமைப்பாளரைக் கொண்டு குறுந்தொகையின் 40ஆம் பாடலான 'யாயும் ஞாயும்' என்பதற்குப் பியானோவுடன் கூடிய கலைப்பாடல் ஒன்றை எழுதுவிக்க நினைக்கிறோம். அவருக்குத் தமிழ் தெரியாது. இது சரிப்பட்டு வருமா? (ஒரு தந்தை, மதுரை)

பதில்: தாராளமாக வரும். அவருக்குத் தமிழ் தெரியாததால் உங்கள் வேலை கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். ஐந்தே அடிகள் கொண்ட பாடல் என்பதும் நல்லதே, ஏனெனில் மூன்று நான்கு நிமிடக் கலைப்பாடலுக்கு அதற்கு மேல் சொற்கள் இருந்தால் இசைக்கு மூச்சுவிட இடம் இருக்காது.

அச்சிட்ட பாடலையும் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பையும் அனுப்பிவிட்டுக் காத்திருப்பதுதான் இதில் எல்லோரும் செய்யும் தவறு. ஆங்கிலப் பாடலுக்கு இசையமைத்துப் பழகியவர், சொல்லில் அழுத்தம் விழும் அசையைத் தேடிப்பிடித்து, அதைத் தாளத்தின் வலுவான இடத்தில் வைத்து நீட்டுவார். தமிழிலோ சொல்லின் பொருளைப் பிரித்துக் காட்டுவது குறில், நெடில் வேறுபாடு. 'மலை'யின் முதல் எழுத்தை இரண்டு துடிப்புக்கு இழுத்தால் கேட்பவருக்கு அது 'மாலை'யாகிவிடும். நீங்கள் தேர்ந்த பாடலின் கடைசி அடியிலேயே இந்தப் பள்ளம் இருக்கிறது: 'கலந்தனவே' என்பதன் முதல் எழுத்தை நீட்டினால், பாடலில் இல்லாத 'காலம்' அங்கே வந்து உட்கார்ந்துகொள்ளும். நீட்ட விரும்புகிறவருக்குக் கடைசி 'வே' காத்திருக்கிறது. அதை எவ்வளவு இழுத்தாலும் பொருள் கெடாது. அதேபோல் 'பெயனீர்' என்பது பெயலும் நீரும் சேர்ந்தது என்பதைப் பிரித்துக் காட்டாவிட்டால், சொல்லின் நடுவே எங்கேயாவது மூச்சு வாங்கும்படி எழுதிவிடுவார். நம் மேடைகளிலும் இத்தகைய பிழைகள் நிகழ்வதுண்டு என்றாலும், பாட்டை முன்பே அறிந்த நம் காது அவற்றைத் தானே திருத்திக்கொள்ளும். லண்டன் மண்டபத்தில் அமர்ந்திருப்பவருக்கு அந்த வசதி இல்லை.

ஆகவே, நன்றாக வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கொண்டு பாடலை ஒருமுறை மெதுவாகவும் ஒருமுறை இயல்பாகவும் வாசிக்கச் செய்து ஒலிப்பதிவாக அனுப்புங்கள். ரோமன் எழுத்தில் அசை அசையாகப் பிரித்து, நெடில்களின்மேல் கோடிட்டு, ஒவ்வொரு சொல்லுக்கும் அடியில் அதன் பொருளை எழுதுங்கள். அதன்பிறகு, ஒரு சுரம்கூட எழுதப்படுவதற்கு முன்பாக, உங்கள் மகள் அவர் முன்னால் அரை மணி நேரம் பாடட்டும். எட்டக்கூடிய மிகத் தாழ்ந்த சுரம் எது, மிக உயர்ந்த சுரம் எது என்று தாளில் எழுதித் தருவது போதாது. எந்த இடத்தில் குரல் களைப்பின்றி நெடுநேரம் நிற்கிறது என்பதை நேரில்தான் அறிய முடியும். பெண் குரல்களில் மிக உயர்ந்ததான சோப்ரானோ உச்சத்துக்குப் போகும்போது உயிரெழுத்துகளெல்லாம் ஏறத்தாழ 'ஆ'வாக மாறிவிடுவதால், புரிந்தே ஆகவேண்டிய சொற்களை அங்கே வைக்கக் கூடாது என்பதும் அந்த அரை மணி நேரத்தில் தெளிவாகும்.

குறுந்தொகைக்கு யாரிடமும் அனுமதி பெற வேண்டியதில்லை. இக்காலக் கவிதையாக இருந்தால், எழுத்துப்பூர்வமான அனுமதி கைக்கு வந்த பிறகே இசையமைக்கத் தொடங்க வேண்டும். அமெரிக்க இசையமைப்பாளர் எரிக் விட்டேக்கர், ஒரு பெண்மணி தம் பெற்றோரின் நினைவாகக் கேட்டுக்கொண்டபடி, ராபர்ட் ஃபிராஸ்டின் புகழ்பெற்ற பனிக்காலக் கவிதை ஒன்றுக்குச் சேர்ந்திசை அமைத்தார். கவிதையின் உரிமையாளர்கள் இசைவு தரவில்லை. முடிந்துபோன இசைக்குப் பொருந்தும்படி, சார்ல்ஸ் ஆன்டனி சில்வெஸ்ட்ரி என்ற கவிஞர் அசைக்கு அசை கணக்கிட்டுப் புதிய சொற்களை எழுதித் தந்தார். 'ஸ்லீப்' என்ற பெயரில் இன்று உலகெங்கும் பாடகர் குழுக்கள் பாடுவது அந்த மாற்று வடிவத்தைத்தான். எல்லோருக்கும் இப்படி ஒரு கவிஞர் கைகொடுப்பார் என்று நம்பியிருக்க முடியாது.

கேள்வி: பணம் கொடுப்பவர் எதுவரை நிபந்தனை விதிக்கலாம்? (ஒரு வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: எந்தக் கருவிகள், எத்தனை நிமிடம், யார் வாசிக்கப்போகிறார்கள், எந்த நாளுக்குள் வேண்டும் என்பவற்றைக் கறாராகவே சொல்லலாம். ராகம் இப்படி இருக்க வேண்டும், முடிவு உற்சாகமாக இருக்க வேண்டும் என்று ஆரம்பித்தால், நல்ல இசையமைப்பாளர் விலகிக்கொள்வார். விலகாதவர் எழுதித் தருவது உங்களுக்கே பிடிக்காது.

இந்த எல்லையை நன்றாக அறிந்திருந்தவர் அமெரிக்கப் புரவலர் எலிசபெத் ஸ்பிராக் கூலிட்ஜ். பார்டோக்கின் ஐந்தாவது ஸ்டிரிங் குவார்டெட் (இரண்டு வயலின், வியோலா, செல்லோ என நான்கு தந்திக் கருவிகளுக்கான படைப்பு), ஷோன்பெர்க்கின் மூன்றாவதும் நான்காவதும், வெபர்னின் ஓபஸ் 28 என்ற எண்ணுள்ள குவார்டெட் எல்லாம் அவர் எழுதுவித்தவை. வாஷிங்டனில் உள்ள அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் 1925இல் ஓர் அறக்கட்டளையையும், ஐந்நூறு பேர் அமரும் சிறு மண்டபத்தையும் அவர் ஏற்படுத்தினார். அந்த மேடை சிறியது என்பதால், 1944இல் அங்கு அரங்கேறிய 'அப்பலேச்சியன் ஸ்பிரிங்' பாலேவை ஆரன் கோப்லாண்ட் 13 கருவிகளுக்கு மட்டும் எழுத வேண்டியதாயிற்று. பின்னர் பெரிய ஆர்கெஸ்ட்ராவுக்கும் அதை விரித்தெழுதினார். என் காதுக்கு அந்தப் பதின்மூன்றே போதும்.

பிரெஞ்சு இசையமைப்பாளர் ராவெலிடம் கூலிட்ஜ் கேட்டது ஒரு பாடல் தொகுதி. முடிந்தால் புல்லாங்குழல், செல்லோ, பியானோ மூன்றும் குரலுடன் சேரட்டும் என்றார். சொற்களை அவர் விருப்பத்துக்கு விட்டுவிட்டார். ராவெல் எடுத்துக்கொண்டவை எவாரிஸ்த் பார்னி என்ற 18ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கவிஞர் மடகாஸ்கர் மக்களின் பாடல்கள் என்று சொல்லி எழுதிய உரைநடைக் கவிதைகள். வெள்ளையரை நம்பாதீர்கள் என்று கூவும் இரண்டாவது பாடல் 1925இல் பாரிஸில் முதலில் பாடப்பட்டபோது அவையில் எதிர்ப்புக் குரல் எழுந்தது. பிரான்ஸ் அப்போது மொராக்கோவில் போரிட்டுக்கொண்டிருந்த காலம். மூன்று பாடல்களும் 1926இல் நிறைவடைந்து, ராவெலின் சிறந்த படைப்புகளுள் ஒன்றாக நிலைத்துவிட்டன. நமக்கு இதில் ஒரு சிறு உறவும் உண்டு. பார்னி 1785இல் பிரெஞ்சு ஆளுநரின் துணை அதிகாரியாகப் பணியாற்றியது நம் புதுச்சேரியில்தான்.

கேள்வி: ஊதியத்தை எப்போது, எப்படிக் கொடுப்பது வழக்கம்? (எஸ்., திருச்சி)

பதில்: ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்போது பாதி, முழுமையான இசைக்குறிப்பு கைக்கு வரும்போது மீதி என்பது பரவலான நடைமுறை. ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனித் தாள்கள் தயாரிக்கும் செலவு இதில் அடக்கமா என்பதை முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

முன்பணம் கொடுக்க வேண்டும் என்று நான் வற்புறுத்தக் காரணம் உண்டு. ரஷ்ய இளவரசர் நிக்கோலாய் கலிட்சின் 1822இல் பெத்தோவனுக்குக் கடிதம் எழுதி, ஒன்றோ இரண்டோ மூன்றோ குவார்டெட் வேண்டும், தொகையை நீங்களே சொல்லுங்கள் என்றார். ஒவ்வொன்றுக்கும் 50 டியூக்கட் (அக்காலத் தங்க நாணயம்) என்று பெத்தோவன் பதில் எழுதினார். மூன்றும் பிறந்தன, அவற்றைவிடப் பெரிய குவார்டெட்கள் இருப்பதாக நான் நினைக்கவில்லை. பணம் மட்டும் முழுதாக வரவில்லை. 1827இல் பெத்தோவன் மறைந்து பல ஆண்டுகள் சென்ற பிறகுதான், பாக்கி அவருடைய தம்பி மகனுக்குத் தீர்க்கப்பட்டது.

கேள்வி: நான் பணம் கொடுத்து எழுதுவித்த படைப்பு எனக்குத்தானே சொந்தம்? பிடிக்காவிட்டால் மாற்றித் தரச் சொல்லலாமா? (ஓய்வுபெற்ற ஆசிரியர், சிங்கப்பூர்)

பதில்: பதிப்புரிமை பொதுவாக இசையமைப்பாளரிடமே இருக்கும், ஒப்பந்தம் அதை மாற்றினாலொழிய உங்களுக்கு வராது. உங்களுக்குக் கிடைப்பவை முதல் அரங்கேற்ற உரிமை, குறிப்பிட்ட சில மாதங்களுக்கு வேறெவரும் வாசிக்கக் கூடாது என்ற தனியுரிமை, முதல் பக்கத்தில் உங்கள் பெயரிட்ட சமர்ப்பணம் ஆகியவை. தனியுரிமைக் காலம் ஓராண்டைத் தாண்டுவதை நான் ஆதரிப்பதில்லை. அறையிசை, அதாவது சிறு குழுவுக்கான இசை, இல்லையென்றாலும் ஓர் உதாரணம் சொல்கிறேன். முதல் உலகப் போரில் வலக்கையை இழந்த பியானோ கலைஞர் பால் விட்கென்ஸ்டைன், இடக்கைக்கு மட்டும் எனப் பலரிடம் படைப்புகளை எழுதுவித்து, தாமே வாசிக்கும் உரிமையைக் கைப்பிடியாக வைத்திருந்தார். 1923இல் ஜெர்மன் இசையமைப்பாளர் ஹிண்டமித் எழுதித் தந்தது பிடிக்காமல் வாசிக்காமலேயே வைத்துக்கொண்டார். அதை உலகம் முதன்முதலாகக் கேட்டது 2004இல்.

வாசிக்க இயலாத இடத்தை மாற்றச் சொல்லலாம், பெரும்பாலோர் மகிழ்ச்சியுடனேயே மாற்றுவார்கள். பிடிக்கவில்லை என்பதற்காக மாற்றச் சொல்ல முடியாது. அதனால்தான், ஒருவரிடம் கேட்பதற்கு முன் அவருடைய பழைய படைப்புகளில் நான்கையாவது கேளுங்கள் என்கிறேன்.

கேள்வி: எங்கள் இசை ரசிகர் வட்டத்தில் முப்பது பேர் இருக்கிறோம். தனித்தனியாக யாருக்கும் வசதியில்லை. சேர்ந்து எழுதுவிக்கலாமா? (ஒரு வாசகி, டொரண்டோ)

பதில்: அவசியம் செய்யுங்கள். டெட்ராய்ட் நகரின் அறையிசைச் சங்கம் அமெரிக்க இசையமைப்பாளர் சாமுவேல் பார்பரிடம் படைப்பு கேட்டபோது, ஒரு புரவலரைத் தேடாமல் ரசிகர்களிடமே சிறு சிறு தொகைகளாகத் திரட்டியது. சங்கம் கேட்டது ஊதுகருவிகளும் தந்திக் கருவிகளும் பியானோவும் சேர்ந்த ஏழு பேருக்கான படைப்பு. 1956இல் வந்து சேர்ந்ததோ ஐந்து ஊதுகருவிகளுக்கான 'சம்மர் மியூசிக்'. முறுக்கிக்கொள்ளாமல் சங்கம் ஏற்றுக்கொண்டது. இன்று ஊதுகருவி ஐவர் குழுக்கள் அதை வாசிக்காத ஆண்டே கிடையாது.

முப்பது பேரும் ஆளுக்கொரு யோசனை சொல்லாதபடி, இசையமைப்பாளருடன் பேச ஒருவரை மட்டும் நியமியுங்கள். உங்கள் ஊர்க் குழுவோடு நிற்காமல், வேறு இரண்டு ஊர்களின் குழுக்களையும் பங்குதாரர்களாகச் சேர்க்க முடிந்தால், செலவும் குறையும், இரண்டாவது, மூன்றாவது கச்சேரியும் கையோடு உறுதியாகும். புதிய படைப்புகளில் பெரும்பாலானவை அரங்கேற்றத்தன்று கைதட்டு வாங்கி, மறுநாளே அலமாரிக்குள் போய்விடுகின்றன. குரோனோஸ் குவார்டெட் என்ற அமெரிக்கத் தந்திக் கருவி நால்வர் குழு 2015இல் தொடங்கி ஐம்பது புதிய படைப்புகளை எழுதுவித்து, ஜாகிர் உசேன் எழுதியது உட்பட அவற்றின் இசைக்குறிப்புகளை இணையத்தில் இலவசமாகவே வைத்தது இதைத் தவிர்க்கத்தான். 1973இல் அதே குழு தன் முதல் படைப்புக்குக் கொடுத்த ஊதியம் ஒரு பை டோனட் என்பது அவர்களே சொல்லிச் சிரிக்கும் கதை. நீங்கள் அதை முன்மாதிரியாகக் கொள்ள வேண்டாம்.

இன்னொன்று. தாள்கள் வந்ததும், ஒவ்வொரு பக்கத்தின் கடைசி வரியையும் வாசிப்பவரிடமே காட்டுங்கள். இரண்டு கையும் வயலினில் இருக்கும் நேரத்தில் பக்கம் திருப்ப வேண்டியிருந்தால், அதை அரங்கேற்றத்துக்கு முந்தைய நாள் இரவில் கண்டுபிடிப்பதைவிட ஒரு மாதம் முன்பே கண்டுபிடித்துவிடலாம்.