நூறாவது பொய்யிரை

மதிப்பிற்குரிய ஐயா,

தூண்டிலில் கட்டும் பொய்யிரை ஒன்றை நானே வடிவமைத்திருக்கிறேன். ஒரே மாலையில் ஏழு மீன்கள் கடித்தன. படங்களையும் அளவுகளையும் இணைத்துள்ளேன். தங்கள் தளத்தில் வெளியிட வேண்டுகிறேன். முதலில் காப்புரிமைக்கு விண்ணப்பிப்பதா, நேரே விற்பனைக்குப் போவதா? நல்ல பெயர் ஒன்றும் சொன்னால் மகிழ்வேன்.

க.

அன்புள்ள க.,

படங்களை வெளியிடவில்லை, அழித்தும் விட்டேன். முகம் அறியாத ஒருவனுக்கு முழு அளவுகளையும் அனுப்பிவிட்டு அதே மூச்சில் காப்புரிமை பற்றிக் கேட்பவரை எப்படித் திட்டாமல் இருப்பது? விண்ணப்பத்துக்கு முன்பே பொதுவெளிக்கு வந்துவிட்ட கண்டுபிடிப்பைப் பெரும்பாலான நாடுகள் புதியதாக ஏற்பதில்லை. விற்றாலும் அதே கதிதான். அமெரிக்காவில் ஓராண்டு அவகாசம் உண்டு, அதை நம்பி இருந்துவிடாதீர்கள். முதலில் விண்ணப்பம், பிறகு பேச்சு. பெயரை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியவை அந்த ஏழு மீன்கள்தாம். ஒரு பொருள் ஒருமுறை வேலை செய்வதற்கும் ஒவ்வொரு முறையும் வேலை செய்வதற்கும் இடையிலுள்ள தொலைவைப் பற்றிக் கொஞ்ச நாட்களாகவே யோசித்துக்கொண்டிருந்தேன். அன்று அந்த மீன்கள் பசித்திருந்தால், சாவிக்கொத்தைக் கட்டி வீசியிருந்தாலும் கடித்திருக்கும். அந்த மாலையின் மகிழ்ச்சியைப் பறிக்க எனக்கு மனமில்லை, நானும் அனுபவித்தவன்.

இளமையில் நானும் ஒன்று செதுக்கினேன். விரல் நீள மரத்துண்டு, வயிற்றில் ஈயம், மூக்குக்குக் கீழே தகர நாக்கு. நீரில் இழுத்தபோது அடிபட்ட குஞ்சுமீனைப் போல அது இடமும் வலமும் தள்ளாடிற்று. கர்வம் தலைக்கேற, அதே பலகையிலிருந்து இன்னும் பத்து செதுக்கினேன். இரண்டுதான் நீந்தின, சில மல்லாந்தன, சில சுழன்று தூண்டில் நரம்பை முறுக்கின, ஒன்று விறகுக்கட்டை போல அசையாமல் வந்தது. நரம்பு கட்டும் கம்பி வளையம் மயிரிழை சாய்ந்திருந்தாலும் இரை ஒரு பக்கமாகவே ஓடும் என்பதையும், அது இடப்புறம் ஓடினால் வளையத்தைக் குறட்டால் வலப்புறம் சற்றே வளைக்க வேண்டும் என்பதையும், ஒரே பலகையின் இரு முனைகள்கூட ஒரே எடை இருப்பதில்லை என்பதையும், கூடுதலாக ஒரு பூச்சு வண்ணம் அடித்தாலே ஆட்டம் மந்தமாகும் என்பதையும் கற்க ஒரு கோடை முழுவதும் போயிற்று. உங்களிடம் வாங்குபவருக்கு அந்தக் கோடை கிடையாது. முதல் வீச்சில் சாய்ந்தால் பெட்டியின் மூலையில் போட்டுவிட்டு மறந்துவிடுவார்.

பின்லாந்தின் லௌரி ராப்பலா 1936-இல் செருப்புத் தைப்பவரின் கத்தியால் தக்கையைச் செதுக்கி, சாக்லேட் சுற்றிய ஈயத்தாளைப் போர்த்தி, புகைப்பட நெகட்டிவை உருக்கி மேலே பூசித் தன் முதல் இரையைச் செய்தார். இந்தக் கதையை எல்லோரும் சொல்வார்கள். செய்த ஒவ்வொன்றையும் நீரில் இழுத்துப் பார்த்த பிறகே வெளியே அனுப்பினார் என்ற சலிப்பூட்டும் பகுதியை விட்டுவிடுவார்கள். மர்லின் மன்றோ அட்டையில் வந்த 1962-ஆம் ஆண்டு ‘லைஃப்’ இதழில் அவரது இரையைப் பற்றிய கட்டுரையும் வந்தது, வாங்குவோர் குவிந்தனர், அதிர்ஷ்டம் என்பார்கள். இடையில் 26 ஆண்டுகள் ஓடியிருந்தன. குவிந்தவர்களின் கையில் அது மல்லாந்திருந்தால் அந்த இதழே அவரைக் கவிழ்த்திருக்கும்.

ஆகவே விண்ணப்பத்தைக் கொடுத்த கையோடு இருபது செய்யுங்கள். மெச்சும் நண்பர்களிடம் கொடுக்காதீர்கள். உங்களுக்கு அதிகம் பழக்கமில்லாத ஒருவர் நரம்பில் கட்டி, அவரே வீசி இழுக்கட்டும். நீங்கள் கரையில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்து எத்தனை சாய்கின்றன என்று எண்ணுங்கள். அந்த எண்ணிக்கையை மட்டும் எனக்கு எழுதுங்கள். படம் வேண்டாம்.