ரெஸ்யூமேயில் எதை வைப்பது, எதை வெட்டுவது? கேள்வி பதில்

ஆள் எடுக்கும் வேலையில் 14 வருஷம் இருந்தவள் நான். அதில் பெரும்பகுதி ரெஸ்யூமே படிப்பதிலேயே போனது. ரெஸ்யூமே பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன், நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். நீளமானவற்றைச் சுருக்கியிருக்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: மேடம், 3 மாதத்தில் 80 இடங்களுக்கு அனுப்பிவிட்டேன். ஒரு அழைப்புகூட இல்லை. படித்துப் பார்த்த நண்பர்கள் எல்லாம் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். எங்கே தப்பு?

பதில்: 80 இடத்துக்கும் ஒரே ரெஸ்யூமேதானே போனது? நண்பர்களுக்கு உங்களைத் தெரியும். விட்டுப்போனதை அவர்களே மனதில் நிரப்பிக்கொண்டு படிப்பார்கள். எனக்கு உங்களைத் தெரியாது. என் கையில் ஒரு காலியிடம் இருக்கிறது, அதற்கு நீங்கள் சரிப்படுவீர்களா என்பது மட்டும்தான் அந்த நிமிஷம் எனக்கு வேண்டும்.

பழைய உதாரணம் ஒன்று சொல்கிறேன். 1482 வாக்கில் லியொனார்டோ டா வின்சி, மிலானில் அதிகாரத்தில் இருந்த லுடோவிகோ ஸ்ஃபோர்ஸாவிடம் வேலை கேட்டு ஒரு கடிதம் தயார் செய்தார். அதன் வரைவு இன்றும் இருக்கிறது. எளிதாகத் தூக்கிச் செல்லும் பாலம் கட்டத் தெரியும், முற்றுகை நடக்கும்போது அகழித் தண்ணீரை வடிக்கத் தெரியும், பீரங்கி தெரியும், மூடிய போர் வண்டி தெரியும் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போகிறார். தான் பயின்ற தொழிலான ஓவியத்தைக் கடைசியில்தான் தொடுகிறார். படிப்பவருக்கு அப்போது வேண்டியிருந்தது போர்ப் பொறியாளர். (அவற்றில் எத்தனையை அவர் அதுவரை செய்து பார்த்திருந்தார் என்பது வேறு விஷயம். அதில் மட்டும் அவரைப் பின்பற்றாதீர்கள்.)

நீங்கள் செய்ய வேண்டியது இது. செய்த எல்லாவற்றையும் கொட்டி ஒரு பெரிய ரெஸ்யூமே எழுதி உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். 5 பக்கம் வந்தாலும் பரவாயில்லை, அதை யாருக்கும் அனுப்பப்போவதில்லை. ஒரு விளம்பரம் கண்ணில் பட்டதும் அதில் அழுத்திக் கேட்கும் 5, 6 தேவைகளை அடிக்கோடிடுங்கள். பெரிய ரெஸ்யூமேயிலிருந்து அவற்றுக்குப் பதில் சொல்லும் வரிகளை மட்டும் எடுத்து முதல் பக்கத்தின் மேல் பாதிக்குக் கொண்டுவாருங்கள். பழகிவிட்டால் 20 நிமிஷ வேலை. 80 இடத்துக்குப் பதிலாக 15 இடத்துக்கு இப்படி அனுப்பிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

கேள்வி: ரெஸ்யூமேயை 6 நொடிதான் பார்ப்பார்களாமே, உண்மையா?

பதில்: லேடர்ஸ் என்ற வேலைவாய்ப்புத் தளம் 2012-ல் கண் அசைவைப் பதிவு செய்து நடத்திய ஆய்விலிருந்து வந்த கணக்கு அது. 2018-ல் மறுபடி பார்த்தபோது 7.4 நொடி என்றார்கள். இது முதல் வடிகட்டலுக்கு ஆகும் நேரம். அதைத் தாண்டிய ரெஸ்யூமேயை நிதானமாகத்தான் படிப்போம். அந்த முதல் பார்வையில் என் கண் போகும் இடங்கள்: இப்போதைய பதவி, நிறுவனம், எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை, அதற்கு முந்தைய பதவி, படிப்பு. இவற்றைத் தேட வைக்காதீர்கள்.

கேள்வி: அக்கா, வாடிக்கையாளர் சேவையில் 4 வருஷம் வேலை பார்த்தேன். "வாடிக்கையாளர் அழைப்புகளைக் கையாண்டேன், புகார்களைத் தீர்த்தேன்" என்று எழுதியிருக்கிறேன். செய்ததே அதுதான். இதற்கு மேல் என்ன எழுதுவது?

பதில்: அந்த வேலையில் இருந்த எல்லாரும் இதே இரண்டு வரியைத்தான் எழுதுவார்கள். உங்கள் பெயரை எடுத்துவிட்டு பக்கத்து இருக்கைக்காரர் பெயரைப் போட்டாலும் பொருந்துகிற வரி எனக்கு உதவாது. ஒரு நாளைக்கு எத்தனை அழைப்பு? எந்த மாதிரிப் புகார் உங்களிடம் மட்டும் அனுப்பப்பட்டது? நீங்கள் வந்த பிறகு ஏதாவது மாறியதா?

கேள்வி (அவரே): ஒரு நாளைக்கு 60 இருக்கும். பணம் திரும்பத் தரும் சிக்கல்களை என்னிடம்தான் மாற்றிவிடுவார்கள். ஆனால் எங்கள் இடத்தில் சதவீதக் கணக்கெல்லாம் எங்களுக்குக் காட்டமாட்டார்கள். அடிக்கடி வரும் கேள்விகளுக்கு நானாக ஒரு குறிப்பேடு எழுதி வைத்திருந்தேன், புதிதாக வருபவர்கள் அதைப் பார்த்துப் பழகுவார்கள். அதெல்லாம் சாதனையா என்ன?

பதில்: பாருங்கள், முக்கியமானதைக் கடைசியில், அதுவும் தயங்கித் தயங்கிச் சொல்கிறீர்கள். இப்படி எழுதுங்கள்: "தினமும் சுமார் 60 அழைப்புகள். பணம் திரும்பப் பெறுவது தொடர்பான சிக்கலான புகார்கள் குழுவிலிருந்து என்னிடம் மாற்றப்பட்டன. அடிக்கடி வரும் கேள்விகளுக்குப் பதில் குறிப்பேடு தயாரித்தேன். புதியவர்களின் பயிற்சிக்கு அது பயன்பட்டது." ஒரு சதவீதம்கூட இல்லை. ஆனால் மற்றவர்கள் உங்களை நம்பினார்கள் என்பது எனக்குத் தெரிந்துவிடுகிறது. எண் என்றாலே விற்பனை உயர்வு என்று நினைத்துக்கொள்கிறார்கள். எத்தனை பேர், எத்தனை முறை, எவ்வளவு நேரம், எத்தனை கிளைகள், எல்லாமே எண்தான். கைக்கு எட்டாத சதவீதத்தைக் கற்பனையில் போடாதீர்கள். "இதை எப்படிக் கணக்கிட்டீர்கள்?" என்று இன்டர்வியூவில் ஒரு கேள்வி வந்தால் முகம் மாறிவிடும். குறிப்பேட்டை எத்தனை பேர் பயன்படுத்தினார்கள் என்று ஞாபகம் இருந்தால் அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், வரியின் ஆரம்பத்தில் "பொறுப்பு வகித்தேன்" என்று வருகிற இடங்களை எல்லாம் பாருங்கள். பொறுப்பு என்பது உங்களுக்குக் கொடுக்கப்பட்டது. அதை வைத்து என்ன செய்தீர்கள் என்பது அந்த வரியில் இருக்காது. தயாரித்தேன், குறைத்தேன், பழக்கினேன், மாற்றினேன் என்று எழுத முயன்றால், சொல்ல விஷயம் இருக்கிறதா இல்லையா என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

கேள்வி: ரெஸ்யூமேயைக் கம்ப்யூட்டரே படித்து நிராகரித்துவிடும் என்கிறார்கள். ஏடிஎஸ் என்று ஏதோ. அதை ஏமாற்ற வழி உண்டா? வெள்ளை எழுத்தில் முக்கியச் சொற்களை ஒளித்து வைக்கலாமா?

பதில்: ஒளிக்க வேண்டாம். ஏடிஎஸ் என்பது விண்ணப்பங்களை வாங்கி வைக்கும் மென்பொருள். நீங்கள் அனுப்பும் பக்கத்திலிருந்து அது வெறும் எழுத்தை மட்டும் பிரித்தெடுத்து எனக்குக் காட்டும்போது ஒளித்து வைத்ததெல்லாம் பல்லைக் காட்டும்.

பெரும்பாலான இடங்களில் இந்த மென்பொருள் ஒரு அலமாரி மாதிரி. வந்ததை வாங்கி, எழுத்தைப் பிரித்து, பெயர், பதவி, வருஷம் என்று கட்டங்களில் போட்டு வைக்கும். நான் ஒரு சொல்லைத் தேடினால் அது உள்ளவர்களைக் காட்டும். தானாகவே வெளியே தள்ளுவது பெரும்பாலும் விண்ணப்பத்தின்போது கேட்கும் "ஆம், இல்லை" கேள்விகளால் நடக்கிறது. இந்த உரிமம் உண்டா, இத்தனை வருஷ அனுபவம் உண்டா என்று கேட்பார்களே, அவை. அவசரத்தில் தப்பாகத் தட்டிவிட்டு ரெஸ்யூமேயைக் குறை சொல்பவர்கள் உண்டு.

எழுத்தைப் பிரிக்கும் இடத்தில் சிக்கல் வருவது உண்மை. பக்கத்தை நெடுக்காக இரண்டாகப் பிரித்த டெம்ப்ளேட், அட்டவணை, உரைப் பெட்டி, பக்கத்தின் மேல் விளிம்பில் வைத்த தொலைபேசி எண், திறமையைக் காட்டும் 5 நட்சத்திரப் படம், இவையெல்லாம் தாறுமாறாகலாம் அல்லது காணாமலே போகலாம். சோதித்துப் பார்ப்பது சுலபம். உங்கள் பிடிஎஃப்பைத் திறந்து மொத்தத்தையும் தேர்ந்தெடுத்து நகலெடுத்து நோட்பேடில் ஒட்டுங்கள். வரிசை கலையாமல், எதுவும் விடுபடாமல் வந்தால் போதும். ஒன்றுமே வரவில்லை என்றால் அது ஸ்கேன் செய்த படம், அதில் எழுத்தே கிடையாது.

விளம்பரத்தில் உள்ள சொல்லையே பயன்படுத்துங்கள் என்பதற்கும் இதுதான் காரணம். அவர்கள் "சரக்கு இருப்பு மேலாண்மை" என்று கேட்கும்போது நீங்கள் "ஸ்டாக் பார்த்தேன்" என்று எழுதியிருந்தால், தேடுபவர் கண்ணில் படமாட்டீர்கள்.

கேள்வி: ஒரு பக்கமா, இரண்டா?

பதில்: 10 வருஷ அனுபவத்துக்குள் என்றால் ஒன்று. மேலே போனால் இரண்டு. இரண்டாம் பக்கத்தில் 4 வரி மட்டும் தொங்குகிறது என்றால் வெட்டி ஒன்றாக்குங்கள். எழுத்தை 8 புள்ளிக்குச் சுருக்கி ஒரே பக்கத்தில் திணிப்பவர்களும் இருக்கிறார்கள். 10-க்குக் கீழே போகாதீர்கள். படிப்பவருக்கும் வயதாகிறது.

கேள்வி: நான் ஃபிரெஷர். அனுபவம் என்ற தலைப்பின் கீழ் எழுத எதுவுமே இல்லை. "சவாலான பணிச்சூழலில் என் திறமைகளை வளர்த்துக்கொள்ள" என்று ஆப்ஜெக்டிவ் போட்டிருக்கிறேன், அதையாவது வைத்துக்கொள்ளலாமா?

பதில்: வேண்டாம் தம்பி. உனக்கு என்ன வேண்டும் என்றுதான் அந்த வரி சொல்கிறது. அதுவும் எல்லா ஃபிரெஷருக்கும் பொதுவான வரி. நான்கூட ஒரு காலத்தில் ஆப்ஜெக்டிவ் எழுதி வாங்கிக் கட்டிக்கொண்டவள்தான். முதல் வேலை தேடிய நாட்களில் "உங்கள் நிறுவனத்தில் வளர விரும்புகிறேன்" என்று பெயரைக் குறிப்பிட்டே எழுதியிருந்தேன். அதே பக்கத்தைப் போட்டி நிறுவனத்துக்கும் பெயர் மாற்றாமல் அனுப்பிவிட்டேன். பதில் வரவில்லை என்று சொல்லத் தேவையில்லை.

அந்த இடத்தில் படிப்பை வை. கீழே புராஜெக்டுகள். அங்கே எல்லாரும் செய்யும் தப்பு, புராஜெக்டின் தலைப்பை எழுதிவிட்டு நிறுத்திவிடுவது. 4 பேர் சேர்ந்து செய்திருப்பீர்கள். அதில் உன் கைவேலை எது? "நூலகப் புத்தகத் தேடல் செயலி. தேடும் பகுதி முழுவதும் நான் எழுதியது. எழுத்துப்பிழையோடு தட்டினாலும் புத்தகம் கிடைக்கும்படி செய்தேன்." இவ்வளவு எழுதினாலே உன்னிடம் கேட்க எனக்கு 2 கேள்வி கிடைத்துவிடும். படிக்கும்போது பகுதிநேரமாகக் கடையில் நின்றிருந்தால் அதையும் எழுது. பலர் அதை மறைக்கிறார்கள், ஏன் என்றே புரிவதில்லை. நேரத்துக்கு வந்து, பணத்தை எண்ணி, கோபமாக வந்தவரைச் சமாளித்த ஆள் எனக்கு வேண்டும்.

கேள்வி: அம்மாவைப் பார்த்துக்கொள்ள 2 வருஷம் வேலையை விட்டிருந்தேன். இடைவெளி தெரியாமல் இருக்க மாதத்தை எடுத்துவிட்டு வருஷத்தை மட்டும் போடலாமா?

பதில்: சில மாத இடைவெளி அப்படி மறையும், 2 வருஷம் மறையாது. மறைக்க ஏதோ இருக்கிறது என்று மட்டும் தெரியும். ஒரே வரி போடுங்கள்: "குடும்பப் பராமரிப்புக்காகப் பணி இடைவெளி", கூடவே மாதமும் வருஷமும். நோய் விவரம், மருத்துவமனைக் கதை எதுவும் வேண்டாம். அந்தக் காலத்தில் ஏதாவது வகுப்பு முடித்திருந்தால் அடுத்த வரியில் எழுதலாம். இல்லையென்றால் விட்டுவிடுங்கள், வலிந்து எதையும் சேர்க்க வேண்டியதில்லை.

கேள்வி: போட்டோ, பிறந்த தேதி, திருமண நிலை எல்லாம் கட்டாயமா?

பதில்: கேட்டால் ஒழிய வேண்டாம். அமெரிக்கா, பிரிட்டன், கனடாவில் போட்டோ வைப்பது வழக்கமில்லை. ஜெர்மனியில் நீண்டகால வழக்கம், 2006-ல் சமவாய்ப்புச் சட்டம் வந்தபிறகு கட்டாயமில்லை என்றாலும் இன்னும் பலர் வைக்கிறார்கள். பெயர் ஒன்றே படிப்பவரின் மனதைச் சாய்த்துவிடும். பாஸ்டனிலும் சிகாகோவிலும் பெயரை மட்டும் மாற்றிப் பொய் ரெஸ்யூமேக்கள் அனுப்பிச் செய்த ஆய்வு 2004-ல் வெளியானது. வெள்ளையர் பெயர் போலத் தோன்றியவற்றுக்குக் கறுப்பினத்தவர் பெயர் போலத் தோன்றியவற்றைவிடச் சுமார் 50 சதவீதம் அதிக அழைப்பு வந்தது. பெயரை நாம் மாற்ற முடியாது. சாய்வதற்கு இன்னும் நாலு காரணங்களை நாமே எடுத்துக் கொடுக்க வேண்டாமே.

அடையாள அட்டை எண்ணும் வீட்டு முகவரியும் கண்டிப்பாக வேண்டாம். விளம்பரம் கொடுப்பவர்கள் எல்லாரும் வேலை கொடுப்பவர்கள் இல்லை. ஊர், தொலைபேசி, மின்னஞ்சல் போதும்.

கேள்வி: 9 வருஷம் ஆசிரியராக இருந்தேன். நிறுவனங்களில் பயிற்சியாளர் வேலைக்கு மாற நினைக்கிறேன். பழைய வேலைகளைப் பின்னால் தள்ளி, திறமைகளை மட்டும் முன்னால் வைக்கச் சொல்கிறார்கள்.

பதில்: வருஷ வரிசையைக் கலைத்த ரெஸ்யூமேயைப் பார்த்தாலே எங்களுக்குச் சந்தேகம் வரும். எங்கே, எப்போது செய்தார் என்று தேட ஆரம்பித்துவிடுவோம். வரிசை அப்படியே இருக்கட்டும், சொற்களை மட்டும் அந்தப் பக்கத்து ஆளுக்குப் புரியும்படி மாற்றுங்கள். பாடக்குறிப்பு எழுதியதைப் பயிற்சித் திட்டம் தயாரித்ததாகவும், தேர்வு வைத்துத் திருத்தியதைக் கற்றல் மதிப்பீடாகவும் எழுதலாம். சக ஆசிரியர்களுக்கு எப்போதாவது வகுப்பு எடுத்திருக்கிறீர்களா? பெரியவர்களுக்குப் பாடம் நடத்திய அந்த அனுபவம் முதல் வரியில் வரவேண்டும்.

கேள்வி: சாட்ஜிபிடியில் எழுதி வாங்கினால் கண்டுபிடித்துவிடுவீர்களா?

பதில்: கண்டுபிடிக்க நான் முயல்வதே இல்லை. ஆனால் ஒரே காலையில் 30 ரெஸ்யூமே படிக்கும்போது 11 பேர் "ஆர்வமும் அர்ப்பணிப்பும் மிக்க, முடிவுகளை நோக்கிய" ஆட்களாக இருந்தால் எனக்கே கொட்டாவி வருகிறது. எழுதித் தரச் சொல்வதைவிட, விளம்பரத்தையும் உங்கள் ரெஸ்யூமேயையும் கொடுத்து "இதில் எனக்கு எது குறைகிறது, என்னிடம் 10 கேள்வி கேள்" என்று சொல்லிப் பாருங்கள். பதிலை நீங்களே எழுதுங்கள். பழைய நிறுவனத்தின் ரகசியக் கணக்குகளை அதில் கொட்டிவிடாதீர்கள்.

கேள்வி: தமிழ் மெய்ப்புப் பார்ப்பவர் வேலை. ரெஸ்யூமேயும் தமிழிலேயே கேட்டிருக்கிறார்கள். ஏதாவது கவனிக்க வேண்டுமா?

பதில்: யூனிகோட் எழுத்துருவில் தட்டுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டியதை நகலெடுத்து ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் வரும், தேடினாலும் கிடைக்காது. மற்றபடி, மெய்ப்புப் பார்க்க வருபவரின் ரெஸ்யூமேயில் ஒற்றுப்பிழை இருந்தால் நான் சொல்லவே வேண்டாம். ஒரு நாள் ஆறப்போட்டு, அச்சடித்து, கீழிருந்து மேலாகப் படியுங்கள்.

கேள்வி: மேடம், கடைசியாக ஒரு சின்னக் கேள்வி. ஃபைலுக்கு என்ன பெயர் வைப்பது?

பதில்: உங்கள் பெயர், பதவியின் பெயர், அவ்வளவுதான். "ரெஸ்யூமே" என்று மட்டும் வைத்தால் என் கணினியில் ஏற்கனவே இருக்கும் 40 "ரெஸ்யூமே"யோடு அது 41-வது. ஒருவர் "ஃபைனல் ஃபைனல் புதுசு 2" என்று அனுப்பியிருந்தார். திறந்து பார்த்தால் ஓரத்தில் சிவப்பு எழுத்தில் அவர் நண்பர் எழுதிய குறிப்பு அப்படியே இருந்தது: "இந்த வரி பொய்தானே, எடுத்துடு."