மிலன் கிளப்புக்கு முன்பணம் கட்டலாமா?

கேள்வி: செப்டம்பரில் அலுவலக வேலையாக மிலன் போகிறோம், ஆண்கள் மூன்று பேர். சனிக்கிழமை இரவு ஒரு கிளப்புக்குப் போக ஆசை. இன்ஸ்டாகிராமில் ஒருவர், “ஆளுக்கு 35 யூரோ இப்போதே அனுப்புங்கள், வி.ஐ.பி. லிஸ்ட்டில் பெயர் போடுகிறேன்” என்கிறார். அனுப்பலாமா?

பதில்: அனுப்பாதீர்கள். லிஸ்ட் விலைக்கு விற்கிற பொருள் இல்லை. கிளப்புக்கு ஆள் சேர்க்கிறவரை அங்கே ‘பியெர்ரே’ என்பார்கள். வந்த தலைகளை எண்ணி அவருக்குக் காசு கொடுப்பது கிளப். உங்கள் பெயர் தேவைப்படுவது அவருக்குத்தான். லிஸ்ட்டால் உங்களுக்குக் கிடைப்பது வாசலில் கொஞ்சம் கட்டணக் குறைவு. அதுவும் சொன்ன நேரத்துக்குள், பெரும்பாலும் 12.30 அல்லது 1 மணிக்குள், போய்ச் சேர்ந்தால். பத்து நிமிடம் பிந்தினால் முழுக் கட்டணம். எப்படியும் பணம் கட்டுவது வாசல் கல்லாவில்.

லிஸ்ட்டில் பெயர் இருந்தும் திருப்பி அனுப்புவார்கள். வாசலில் நிற்பவர் ஆளைப் பார்த்துத் தேர்வு செய்வார். ஆண்கள் மட்டும் மூன்று பேர் என்றால் “இன்று தனியார் விருந்து” என்று கைவிரிப்பது அங்கே சகஜம். அரைக்கால் சட்டையும் செருப்புமாகப் போனால் அந்தப் பொய்யைச் சொல்லக்கூட மெனக்கெட மாட்டார்கள். அப்போது இன்ஸ்டாகிராம்காரரிடம் போய் 35 யூரோவைக் கேட்டுப் பாருங்கள், கணக்கே காணாமல் போயிருக்கும்.

இதே ஆள் அடுத்துச் சொல்வது ‘மேசை’. மேசை என்றால் உட்காரும் இடம் மட்டுமில்லை, இத்தனை யூரோவுக்குப் பாட்டில் வாங்கியே தீர வேண்டும் என்ற கட்டாயம். மூன்று பேருக்கு அது வேண்டாத செலவு.

முன்பணம் கட்டத்தக்க இடம் ஒன்றே ஒன்று: ‘பிரெவெந்திதா’, அதாவது முன்விற்பனை டிக்கெட். பேர்பெற்ற டி.ஜே. வரும் இரவுகளில் இதைப் போடுவார்கள். கிளப்பின் சொந்த இணையதளத்திலிருந்து போகும் இணைப்பில் மட்டும் வாங்குங்கள். டிக்கெட்டில் மூன்றைப் பாருங்கள். முதலில் தேதி. சனி இரவு 12 மணிக்கு மேல் ஞாயிறு பிறந்துவிடும், ஆனால் டிக்கெட்டில் சனிக்கிழமைத் தேதியே இருக்கும், குழம்ப வேண்டாம். அடுத்து ‘எந்த்ரோ’ என்ற சொல். அதன் பக்கத்தில் இருக்கும் மணிக்குள் உள்ளே போயாக வேண்டும், தாண்டினால் முழுக் கட்டணத்துக்குக் குறையும் வித்தியாசத்தைக் கேட்பார்கள். கடைசியாக ‘கொன்சுமாசியோனே’. அந்தச் சொல் இருந்தால் ஒரு பானம் டிக்கெட் விலையில் சேர்ந்தது, இல்லையென்றால் இல்லை. யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பும் கியூ.ஆர். படம் டிக்கெட் ஆகாது. ஒரே படத்தைப் பத்துப் பேருக்கு விற்றிருப்பார், முதலில் ஸ்கேன் ஆனவர் உள்ளே, மற்ற ஒன்பது பேர் தெருவில்.

நீங்கள் கேட்காத ஆபத்து உள்ளே இருக்கிறது. பல கிளப்புகளில் நுழையும்போது ஓர் அட்டை தருவார்கள். வாங்கும் பானமெல்லாம் அதில் குறிக்கப்படும், மொத்தத்தையும் வெளியே வரும்போது கட்ட வேண்டும். தொலைத்தால் அபராதம், தொகை அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும், 50 யூரோவும் அதற்கு மேலும் பார்க்கலாம். மூன்று பேர் அட்டையும் ஒருவர் பையில் இருக்கக் கூடாது. ஆளுக்கொன்று, சட்டை உள்பையில். இத்தாலியில் இரவு 3 மணிக்கு மேல் மது விற்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. அதனால் 3 மணி அடித்ததும் கூட்டம் மொத்தமும் கல்லாவுக்கு நகரும். நீங்கள் 2.40-க்கே போய்க் கட்டிவிடுங்கள். கட்டியதற்கு அடையாளமாகத் தரும் சீட்டைக் கதவு தாண்டும்வரை கையில் வைத்திருங்கள், அதைக் காட்டாமல் வெளியே விடமாட்டார்கள்.

திரும்பி வருவதுதான் பெரும்பாடு. கிளப் நிரம்புவதே 1 மணிக்கு, மெட்ரோ மூடுவதோ 12.30 வாக்கில். இதற்கு நகராட்சியில் யாரும் வெட்கப்பட்டதாகத் தெரியவில்லை. இரவுப் பேருந்துகள் உண்டு. நகரைச் சுற்றி வரும் 90, 91 டிராலி பஸ்கள் விடிய விடிய ஓடும். டாக்சி உரிமங்களோ பல ஆண்டுகள் 4,850-ஐ ஒட்டியே நின்றிருந்தன, கூட்டும் பேச்சை எடுத்தாலே டாக்சிக்காரர்கள் வேலைநிறுத்தத்துக்குக் கிளம்பிவிடுவார்கள். அவஸ்தை பயணிக்கு. கிளப் வாசலில் “டாக்சி, டாக்சி” என்று காதோரம் கிசுகிசுப்பவர் உரிமம் இல்லாதவர், ஏறாதீர்கள். அசல் டாக்சி வெள்ளை நிறம், கூரையில் விளக்கு, கதவில் எண், உள்ளே மீட்டர். 02 4040 அல்லது 02 8585-க்கு அழைக்கலாம், ஆனால் வண்டி உங்களை நோக்கிக் கிளம்பிய நிமிடமே மீட்டர் ஓடத் தொடங்கும். அருகில் டாக்சி நிறுத்தம் இருந்தால் அங்கே நடந்துபோவது மலிவு. “கார்டு மிஷின் ரிப்பேர்” என்ற பழைய பாட்டும் கேட்கும். கார்டை மறுத்தால் 2022 ஜூன் 30 முதல் 30 யூரோவும் கட்டணத்தில் 4 சதவீதமும் அபராதம் என்பது ஓட்டுநருக்கு நன்றாகவே தெரியும். ஏறுவதற்கு முன்பே கார்டைக் காட்டி “கார்த்தா?” என்று கேளுங்கள். தலையை ஆட்டி மறுத்தால் பின்னால் நிற்கும் வண்டிக்குப் போங்கள்.