ரெடிமேட் கேமிங் பிசியில் இரண்டாவது கிராபிக்ஸ் கார்டு: கேட்டவர்களுக்கு என் பதில்கள்

வணக்கம். கடையில் கட்டிக்கொடுத்த கேமிங் பிசியில் இன்னொரு கிராபிக்ஸ் கார்டு சேர்க்கலாமா என்று போன வாரம் ஈசூனிலிருந்து ஒரு தம்பி கேட்டார். நான் இரண்டு வரி பதில் போட்டதும் அடுத்தடுத்து பலர் கேட்டுவிட்டீர்கள். தனித்தனியாக எழுதுவதைவிட எல்லாவற்றையும் இங்கேயே எழுதிவிடுகிறேன். பதினைந்து வருடமாக நண்பர்கள், சொந்தக்காரர்கள் வீட்டு பிசிகளைத் திறந்து பார்ப்பதுதான் என் வார இறுதி வேலை. அந்த அனுபவத்தில் சொல்கிறேன். கேள்விகளைக் கொஞ்சம் சுருக்கியிருக்கிறேன்.

ஈசூன், பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்: அண்ணே, என்னிடம் ஆர்டிஎக்ஸ் 3060 (12 ஜிபி) போட்ட ரெடிமேட் பிசி இருக்கிறது. நண்பன் அதே கார்டை 250 வெள்ளிக்குத் தருகிறான். இரண்டையும் போட்டால் கேமில் வேகம் இரண்டு மடங்காகுமா?

ஆகாது தம்பி. இரண்டு மடங்கு இல்லை, கால்வாசிகூட ஏறாது. கேம் உன் முதல் கார்டில் மட்டும் ஓடும், இரண்டாவது சும்மா உட்கார்ந்து சூடேற்றிக்கொண்டிருக்கும்.

ஒரு காலத்தில் இது நடந்தது உண்மைதான். 1998இல் 3டிஎஃப்எக்ஸ் நிறுவனத்தின் வூடூ 2 கார்டுகளை ஜோடியாகப் போட்டார்கள். 2004இல் என்விடியா எஸ்எல்ஐ என்று கொண்டுவந்தது, அடுத்த வருடமே ஏடிஐ கிராஸ்ஃபயரோடு வந்தது. ஒரு பிரேமை (திரையில் அடுத்தடுத்து வரும் படங்களில் ஒன்று) ஒரு கார்டு வரையும், அடுத்த பிரேமை மற்றது வரையும். பிரேம் எண்ணிக்கை ஏறும், ஆனால் பிரேம்கள் சீரான இடைவெளியில் வராததால் படம் திக்கித் திக்கி ஓடுவதுபோல் கண்ணுக்குத் தெரியும். அப்புறம் புது கேம்கள் முந்தைய பிரேமின் விவரத்தை வைத்துக்கொண்டு அடுத்ததை வரைய ஆரம்பித்ததும் இந்த முறையே உடைந்துபோனது, ஏனென்றால் முந்தைய பிரேம் பக்கத்துக் கார்டில் அல்லவா இருக்கிறது. 2021 ஜனவரி 1 முதல் புது எஸ்எல்ஐ ப்ரொஃபைல் (ஒவ்வொரு கேமுக்கும் தேவையான செட்டிங் தொகுப்பு) எதுவும் எழுதமாட்டோம் என்று என்விடியா நிறுத்திக்கொண்டது. ஜீஃபோர்ஸ் 30 வரிசையில் 3090, 3090 டிஐ இரண்டுக்கு மட்டும்தான் இன்னொரு கார்டோடு சேர்க்கும் இணைப்பு வாய் இருந்தது, உன் 3060க்குக் கிடையாது. 40 வரிசையில் 4090க்கே இல்லை. டைரக்ட்எக்ஸ் 12இல் (விண்டோஸ் கேம்கள் கார்டோடு பேசும் வழி) கேம் எழுதுபவர்களே இரண்டு கார்டையும் கையாள வழி உண்டு, ஆனால் அதற்காக மெனக்கெட்டவர்கள் விரல் விட்டு எண்ணும் அளவுதான்.

கேமுக்கு என்றால் என் பதில் ஒன்றே: 3060ஐ விற்றுவிடு, அந்தக் காசோடு கையில் இருக்கும் 250ஐயும் சேர்த்து ஒரே ஒரு நல்ல கார்டு வாங்கு.

அதே தம்பி: அப்புறம் எதற்கு என் மதர்போர்டில் நீளமான ஸ்லாட் இரண்டு இருக்கிறது?

இது நல்ல கேள்வி. பலர் ஏமாறும் இடமே இதுதான். ஸ்லாட் நீளமாக இருந்தால் உள்ளே 16 லேனும் (தகவல் போய்வரும் பாதைகள்) இருக்கும் என்று அர்த்தமில்லை. பிசியை அணைத்து, வயரைப் பிடுங்கி, பக்கத்து மூடியைக் கழற்றி, கைபேசி விளக்கை அடித்து அந்த இரண்டாவது ஸ்லாட்டுக்குள் பார். முதல் ஸ்லாட்டில் தங்க நிறத்தில் சின்னச் சின்ன கம்பிகள் கடைசிவரை வரிசையாக நிற்கும். இரண்டாவதில் பல போர்டுகளில் ஒரு ஓரத்தில் கொஞ்ச தூரம் மட்டும் நின்று, மீதி வெறும் பிளாஸ்டிக்காக இருக்கும். அது 4 லேன் ஸ்லாட். சிலவற்றில் 1 லேன்தான்.

ரெடிமேட் செட்டுகளில் பெரும்பாலும் பி660, பி760 மாதிரி நடுத்தர போர்டுதான் போடுவார்கள். அந்த வகையில் பிராசசரிலிருந்து வரும் 16 லேனை எட்டு எட்டாகப் பிரிக்க இன்டெல் விடுவதில்லை, அது முழுசாக முதல் ஸ்லாட்டுக்கே போகும். இரண்டாவது ஸ்லாட் சிப்செட் என்ற, போர்டில் இருக்கும் துணைச் சில்லு வழியாக வருவது. பிரித்துக் கொடுக்கும் இசட் வகை போர்டுகள் உண்டு, ஆனால் அதிலும் எல்லா மாடலும் பிரிக்காது. கையேட்டில் விரிவாக்க ஸ்லாட் பற்றிய பக்கத்தைப் படித்தால் ஒரே நிமிடத்தில் தெரிந்துவிடும்.

ஜூரோங் வெஸ்ட், அனிமேஷன் படிக்கும் தங்கை: பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் ஒரு பிரேம் ரெண்டர் ஆக (முழுப் படமாக உருவாக) ஆறு நிமிடம் ஆகிறது. என்னிடமும் 3060தான், ஐ5 12400 பிராசசர், 650 வாட் பவர் சப்ளை. எனக்கும் இரண்டாவது கார்டு வீணா?

உங்களுக்கு வீணே இல்லை! பிளெண்டரில் இருக்கும் சைக்கிள்ஸ் ரெண்டரர் இரண்டு கார்டையும் நேரடியாகப் பயன்படுத்தும், கார்டுகளை இணைக்கும் எந்தப் பாலமும் வேண்டாம். செட்டிங்கில் சிஸ்டம் பகுதிக்குப் போய் இரண்டு கார்டுக்கும் டிக் போட்டால் போதும். ஒரே மாதிரி கார்டு என்றால் நேரம் கிட்டத்தட்ட பாதியாகக் குறையும். காட்சியை ஒருமுறை கார்டுக்குள் ஏற்றிவிட்டு அப்புறம் அங்கேயே கணக்குப் போடுவதால் 4 லேன் ஸ்லாட்டும் பெரிய குறை இல்லை. பிளெண்டரின் இன்னொரு ரெண்டரரான ஈவீயில் வேலை செய்தால் மட்டும் பயன் இல்லை, அது ஒரு கார்டைத்தான் எடுக்கும்.

மெமரி அதிகமாகாது என்பதை மட்டும் மனத்தில் வையுங்கள். காட்சி முழுவதும் ஒவ்வொரு கார்டிலும் தனித்தனியாக ஏற வேண்டும், அதனால் 12ம் 12ம் சேர்ந்து 24 ஆகாது, 12தான்.

மின்சாரக் கணக்கு: 3060 ஒன்றுக்கு 170 வாட், இரண்டுக்கு 340. ஐ5 12400 உச்சத்தில் 117 வாட் இழுக்கும். போர்டு, விசிறி, எஸ்எஸ்டி எல்லாம் சேர்த்து இன்னும் 60 வையுங்கள். 517 ஆகிறது. உங்கள் 650 வாட் பவர் சப்ளை போதுமே என்று தோன்றும், ஆனால் இந்தக் கார்டுகள் கண் இமைக்கும் நேரத்துக்குச் சொன்ன வாட்டைத் தாண்டி இழுக்கும், அப்போது பாதுகாப்புக்காகப் பவர் சப்ளை தானே அணைந்துவிடும். இரவு முழுக்க ரெண்டர் போட்டுவிட்டுக் காலையில் எழுந்து பார்த்தால் கறுப்புத் திரை. 750 வாட், நல்ல தரம், அதற்குக் கீழே போகாதீர்கள்.

செங்காங் நண்பர்: பிராண்டு பிசி, 500 வாட் பவர் சப்ளை. கார்டுக்கு மின்சாரம் தரும் 8 பின் வயர் ஒன்றுதான் இருக்கிறது. டிஸ்க்குகளுக்கு மின்சாரம் தரும் சாட்டா வயரை 8 பின்னாக மாற்றும் கன்வெர்ட்டர் சில வெள்ளிக்குக் கிடைக்கிறதே?

வேண்டாம். தயவுசெய்து வேண்டாம். இதைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

சாட்டா பவர் வாயில் 12 வோல்ட்டுக்கு மூன்று பின், ஒன்றுக்கு ஒன்றரை ஆம்பியர். மொத்தம் நாலரை ஆம்பியர், 54 வாட். கார்டின் 8 பின் வாயோ 150 வாட் வரை கேட்கும். கன்வெர்ட்டர் இரண்டு பக்கமும் கச்சிதமாகப் பொருந்தும், பிசியும் ஓடும், இரண்டு வாரம் எல்லாம் நன்றாகவே இருக்கும். என் மைத்துனர் வீட்டில் அப்படித்தான் இருந்தது. ஒரு நாள் மீன் குழம்பு வாசனையையும் மீறி ஏதோ கருகும் வாடை வருகிறதே என்று தேடினால் கேசிங் பின்னாலிருந்து. திறந்தபோது வெள்ளைப் பிளாஸ்டிக் பழுப்பாகி வயரோடு ஒட்டி உருகியிருந்தது, கையால் பிரிக்க முடியவில்லை. வீட்டில் எல்லாரும் விழித்திருந்ததால் தப்பித்தார்கள்.

இன்னொன்று. வேறு பவர் சப்ளையோடு வந்த வயரை எடுத்து இதில் சொருகாதீர்கள். கார்டு பக்கம் எல்லாருக்கும் ஒன்றுதான், ஆனால் பவர் சப்ளை பக்கத்தில் எந்தப் பின்னில் எந்த வோல்ட் என்பது ஒவ்வொரு நிறுவனத்துக்கும், ஏன் ஒரே நிறுவனத்தின் இரண்டு மாடலுக்கும்கூட மாறும். தப்பான வயர் எஸ்எஸ்டியை ஒரே நொடியில் கொன்றுவிடும்.

பவர் சப்ளையையே மாற்றலாமா என்றால், பிராண்டு பிசிகளில் சில தங்களுக்கென்று தனி வடிவத்தில் பவர் சப்ளையும் போர்டு வாயும் வைத்திருக்கும், கடையில் விற்கும் சாதாரணது பொருந்தாது. சிம் லிம் ஸ்குவேர் கடைகளில் கட்டித்தரும் செட்டில் இந்தத் தொல்லை பெரும்பாலும் கிடையாது. அப்புறம், உத்தரவாதக் காலம் முடியவில்லை என்றால் மூடியைத் திறக்கும் முன் வாங்கிய இடத்தில் கேளுங்கள், பதிலை எழுத்தில் வாங்கி வையுங்கள், வாட்ஸ்அப் செய்தி போதும்.

தெம்பனிஸ், ஒரு அப்பா: மகன் இரண்டாவது கார்டு கேட்கிறான். கரண்டு பில் எவ்வளவு ஏறும்? வீவக வீட்டு பிளக் தாங்குமா?

தாங்கும் ஐயா. 600 வாட் இழுத்தாலும் 230 வோல்ட்டில் மூன்று ஆம்பியருக்குக் கீழேதான், நம் பிளக்கில் இருக்கும் ஃபியூஸ் 13 ஆம்பியர். ஆனால் ஒரே எக்ஸ்டென்ஷனில் பிசி, ஹீட்டர், இஸ்திரிப்பெட்டி எல்லாம் வேண்டாம். சேஃப்டி மார்க் உள்ள எக்ஸ்டென்ஷனா என்றும் பாருங்கள்.

பில்லுக்கு, 170 வாட் கார்டு தினமும் நான்கு மணி நேரம் முழு வேகத்தில் ஓடினால் 0.68 யூனிட். யூனிட்டுக்குச் சுமார் 30 காசு என்று வைத்தால் நாளுக்கு 20 காசு, மாதம் ஆறு வெள்ளி. அந்தச் சூட்டைத் தணிக்க ஏர்கான் கூடுதல் நேரம் ஓடும் அல்லவா, அது வேறு. ஆனால் மகன் கேட்பது கேம் விளையாட என்றால் மேலே ஈசூன் தம்பிக்குச் சொன்னதை அவரிடம் காட்டுங்கள். கோபித்துக்கொள்ளாமல் காட்டுங்கள், ஆசையில் கேட்கிற பிள்ளைதானே.

உட்லண்ட்ஸ் நண்பர்: இரண்டு கார்டு போட்டுவிட்டேன், ரெண்டர் வேலைக்கு. மேலே உள்ளது 84 டிகிரி போகிறது, கீழே உள்ளது 68. மேலது பழுதா?

பழுது இல்லை. கீழ்க் கார்டு வெளியே தள்ளும் சூடான காற்றைத்தான் மேல் கார்டின் விசிறி உள்ளே இழுக்கிறது. ஏர்கான் போடாத அறையில் காற்றே 30, 31 டிகிரி, அதிலிருந்துதான் எல்லாம் ஆரம்பிக்கிறது. குளிர்நாட்டுக்காரர்கள் போடும் வீடியோவில் காட்டும் எண்ணை இங்கே எதிர்பார்க்க முடியாது.

இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று பாருங்கள். இரண்டு விரல் நுழையவில்லை என்றால் கஷ்டம்தான். முன்பக்கம் கண்ணாடி அடைத்த கேசிங்கா? அப்படியென்றால் ஒரு நாள் அதைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள், சூடு நன்றாக இறங்கினால் கேசிங்தான் குற்றவாளி. காசு செலவில்லாத வழி, எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளில் பவர் லிமிட்டை (கார்டு இழுக்கும் மின்சாரத்தின் வரம்பு) 80 விழுக்காட்டுக்கு இறக்குவது. வேகத்தில் சிறிதளவே குறையும், சூட்டில் தெளிவாகக் குறையும். நான் இங்கே எந்த ரெண்டர் பிசிக்கும் முதலில் செய்வது இதைத்தான்.

பொங்கோல் அக்கா: வீட்டிலேயே ஏஐ மாடல் ஓட்டிப் பழகுகிறேன். அதற்கு இரண்டு கார்டு உதவுமா?

உதவும் அக்கா. இங்கே மட்டும் மெமரி உண்மையிலேயே கூடும், ஏனென்றால் மாடலின் அடுக்குகளில் பாதியை ஒரு கார்டிலும் மீதியை மற்றதிலும் வைக்கலாம். மாடல்களை ஓட்டும் ஒல்லாமா மென்பொருள் தானாகவே பிரித்துக்கொள்ளும். 12 ஜிபி கார்டு இரண்டு இருந்தால், 4 பிட்டுக்குச் சுருக்கிய (ஒவ்வொரு எண்ணையும் சின்னதாக அடக்கிய) 32 பில்லியன் அளவுரு மாடல், சுமார் 20 ஜிபி, உள்ளே அடங்கிவிடும். ஒரு கார்டில் அடங்காது. வேகம் இரட்டிப்பாகும் என்று மட்டும் நினைக்காதீர்கள், அடுக்குகள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் வேலை செய்யும்.

புக்கிட் பாஞ்சாங் நண்பர்: மூன்று திரை வைக்க இரண்டாவது கார்டு வேண்டுமா?

வேண்டாம். இப்போதைய கார்டு ஒன்றே பெரும்பாலும் நான்கு திரை தாங்கும். பின்னால் எத்தனை வாய் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

தோ பாயோ நண்பர்: பழைய கார்டு வாங்க, பழைய பொருள் விற்கும் கரோசல் செயலியில் ஒருவரிடம் பேசினேன். எம்ஆர்டி நிலையத்தில் கைமாற்றலாம் என்கிறார். சரியா?

நிலையத்தில் எப்படிச் சோதிப்பீர்கள்? அவர் வீட்டிலோ உங்கள் வீட்டிலோ பிசியில் போட்டு, பத்து நிமிடம் கனமான கேம் ஓட்டி, எல்லா விசிறியும் சுற்றுகிறதா, திரையில் புள்ளி, கோடு வருகிறதா என்று பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். ஒப்புக்கொள்ளாவிட்டால் வேறு ஆளைப் பாருங்கள். கடையில் வாங்கினால் குறையுள்ள பொருளுக்கான லெமன் சட்டம் உண்டு, 2012 செப்டம்பரிலிருந்து நடப்பில் இருக்கிறது. ஆறு மாதத்துக்குள் தெரியவரும் குறை, கொடுக்கும்போதே இருந்ததாக எடுத்துக்கொள்ளப்படும், பழைய பொருளும் அதில் சேரும். தனிநபரிடம் வாங்குவதற்கு அந்தச் சட்டம் இல்லை.

மறுபடி ஈசூன் தம்பி: அண்ணே, திறந்து பார்த்துவிட்டேன். இரண்டாவது ஸ்லாட்டில் கம்பி ஒரு ஓரத்தில் மட்டும்தான். பவர் சப்ளை 550 வாட். கார்டை விற்றுவிட்டு 4060 டிஐ 16 ஜிபி வாங்கினால் சரியா வருமா?

சரியா வரும். அது 165 வாட், இப்போதையதைவிடக் குறைவு, என்விடியா கேட்பதும் 550 வாட்தான். 8 பின் ஒன்று போதும் என்ற மாடலாகப் பார். வாங்கும் முன் ஒரு வேலை: ஸ்கேலை எடுத்து, பின்பக்கத் தகட்டிலிருந்து முன்பக்க விசிறி வரை அள. மூன்று விசிறி மாடல்கள் சில 30 சென்டிமீட்டரைத் தாண்டும், ரெடிமேட் கேசிங்கில் அவ்வளவு இடம் இருக்கும் என்று சொல்ல முடியாது. அளவை இங்கே போடு, மாடலைச் சேர்ந்து பார்க்கலாம்.