‘ராணுவ வீரர்’ என்று எல்லாரையும் எழுதலாமா? படைப் பெயர்கள் பற்றிக் கேள்வி பதில்

மதராஸ் சாப்பர்ஸ் என்று எல்லாரும் சொல்லும் மதராஸ் பொறியாளர் படைப்பிரிவில் 26 வருடம் எழுத்தராக இருந்து, சுபேதாராக ஓய்வு பெற்றவன் நான். எண், பதவி, பெயர் என்ற மூன்றையும் பிழையில்லாமல் எழுதுவதுதான் என் வேலையின் பெரும்பகுதி. மூன்றில் ஒன்று பிசகினாலும் ஒருவருடைய விடுப்போ சம்பளமோ அங்கேயே நின்றுவிடும். அதனால் இந்தக் கேள்விகளை எனக்கு அனுப்பினார்கள். கேட்டவர்களின் ஊரையும் வேலையையும் மட்டும் போட்டிருக்கிறேன்.

கேள்வி (செய்தித் தள உதவி ஆசிரியர், சென்னை): தரைப்படை, கடற்படை, விமானப்படை என மூன்றில் யாராக இருந்தாலும் ‘ராணுவ வீரர்’ என்று எழுதுவது எங்களுக்குப் பழக்கமாகிவிட்டது. அது தவறா சார்?

பேச்சில் தவறில்லை. எங்கள் ஊரில் கடற்படையில் இருப்பவரையும் ‘மிலிட்டரிக்காரர்’ என்றுதான் சொல்வார்கள். ஆனால் செய்தியில் ராணுவம் என்று வந்தால் படிப்பவர் தரைப்படையைத்தான் நினைப்பார். பத்து வருடம் கப்பலில் இருந்த ஒருவருக்கு அந்தச் சொல் ஒட்டாது. வாய்விட்டுச் சொல்ல மாட்டார், ஆனால் மனதில் நிற்கும்.

தரைப்படையில் இருப்பவர் ராணுவ வீரர். கடற்படையில் இருப்பவர் கடற்படை வீரர், அதிகாரி அல்லாதவரை மாலுமி என்றும் எழுதலாம். விமானப்படையில் இருப்பவர் விமானப்படை வீரர். எந்தப் படை என்று தெரியாதபோது ‘படைவீரர்’ என்ற நல்ல சொல் இருக்கிறது. மாவட்டத் தலைநகரங்களில் ‘முன்னாள் படைவீரர் நல அலுவலகம்’ என்ற பலகையைப் பார்த்திருப்பீர்கள். மூன்று படைக்காரர்களும் அங்கேதான் வருகிறோம், மூன்று பேருக்கும் அந்தச் சொல் பொருந்துகிறது.

கேள்வி (கல்லூரி மாணவி, திருநெல்வேலி): ஜவானும் சிப்பாயும் ஒன்றா? ‘சிப்பாய்’ என்று சொன்னால் மரியாதைக் குறைவு என்கிறார்களே?

ஜவான் பதவி இல்லை அம்மா. இளைஞன் என்று பொருள். 1965இல் லால் பகதூர் சாஸ்திரி ‘ஜெய் ஜவான், ஜெய் கிசான்’ என்று முழங்கியபின் ஊரெல்லாம் பரவிய அன்பான சொல் அது. எந்தப் பதிவேட்டிலும் ஒருவருடைய பதவி ‘ஜவான்’ என்று இருக்காது.

சிப்பாய் என்பது பதவி. சிபாஹி என்ற பாரசீகச் சொல்லிலிருந்து வந்தது. 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் எழுந்தவர்கள் சிப்பாய்கள்தான். அந்தச் சொல்லில் எந்தக் குறைவும் இல்லை.

ஆனால் தரைப்படையில் கடைநிலையில் இருக்கும் எல்லாரும் சிப்பாய் என்று நினைக்காதீர்கள். பீரங்கிப் படையில் அவர் கன்னர். எங்கள் பொறியாளர் படையில் சாப்பர். சிக்னல் படையில் சிக்னல்மேன். டாங்கிப் படையில் சவார். கூர்க்கா, கார்வால் போன்ற ரைபிள் ரெஜிமெண்டுகளில் ரைபிள்மேன். வண்டியையும் ஆயுதத்தையும் பழுது பார்க்கும் மின்-இயந்திரப் பொறியாளர் படையில் கிராஃப்ட்ஸ்மேன். கார்கில் போரில் பரம்வீர் சக்ரா பெற்றவர்கள் பெயரைப் பாருங்கள்: கிரெனேடியர் யோகேந்திர சிங் யாதவ், ரைபிள்மேன் சஞ்சய் குமார். இரண்டுமே சிப்பாய்க்குச் சமமான நிலைதான். ஆனாலும் அவர்களைச் சிப்பாய் என்று யாரும் எழுதுவதில்லை, எழுதவும் கூடாது.

இதில் நான் ஏன் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன் என்றால், பணியில் இறந்துபோன ஒரு சாப்பரின் குடும்ப ஓய்வூதியத் தாளில் ஓர் அலுவலகத்தில் ‘சிப்பாய்’ என்று எழுதிவிட்டார்கள். படைப் பதிவேட்டில் சாப்பர், அந்தத் தாளில் சிப்பாய். இரண்டும் ஒத்துவரவில்லை என்று கோப்பு திரும்பி வந்தது. அந்தப் பெண் கைக்குழந்தையோடு பேருந்து மாறி மாறி நாலு முறை அலைந்தார். ஒரே ஒரு சொல்தான்.

அப்புறம், எங்களுக்கு இன்னொரு பெயரும் உண்டு: தம்பி. மதராஸ் சாப்பர்ஸில் தமிழர், தெலுங்கர், கன்னடர், மலையாளி எல்லாரும் ‘தம்பி’தான். பஞ்சாபிலிருந்து வந்த அதிகாரியும் ‘தம்பி’ என்றுதான் கூப்பிடுவார். முதல் முறை அவர் வாயிலிருந்து அதைக் கேட்டபோது எனக்கு வீட்டு ஞாபகம் வந்தது, இன்றும் மறக்கவில்லை.

கேள்வி (ஓய்வு பெற்ற வருவாய்த் துறை ஊழியர், விழுப்புரம்): கலெக்டருக்கு முன்னால் நடக்கும் தபேதாரும் ராணுவத் தபேதாரும் ஒன்றா?

சொல் ஒன்றே ஐயா, வேலை வேறு. குதிரைப்படையாக இருந்து டாங்கிப் படையான ரெஜிமெண்டுகளில் ஹவில்தாருக்குச் சமமான பதவி தபேதார். மூன்று பட்டை போட்டவர், தனக்குக் கீழே ஆட்களை வைத்து நடத்துபவர். மற்ற படைகளில் சுபேதார் என்றால் அங்கே ரிசால்தார். ஒரே ரெஜிமெண்டில் ஹவில்தாரும் ரிசால்தாரும் இருப்பதாக ஒரு கதையில் படித்தேன். அப்படி இருக்காது.

கேள்வி (அச்சகம் நடத்துபவர், தேனி): ஒரே கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை ராணுவத்தில் கேப்டன், பெண்ணின் பெரியப்பா கடற்படையில் கேப்டன். இரண்டு பேருக்கும் வெறும் ‘கேப்டன்’ என்று போட்டால் போதுமா?

போதாது அண்ணே. இந்த இடத்தில்தான் பலரும் தடுமாறுகிறார்கள்.

ராணுவத்தில் கேப்டன் என்பது அதிகாரிகளில் இரண்டாவது படி. லெப்டினன்ட், அடுத்து கேப்டன், மேஜர், லெப்டினன்ட் கர்னல், கர்னல் என்று மேலே போகும். கடற்படையிலோ சப் லெப்டினன்ட், லெப்டினன்ட், லெப்டினன்ட் கமாண்டர், கமாண்டர் எல்லாம் தாண்டித்தான் கேப்டன். அதாவது கடற்படைக் கேப்டன் ராணுவக் கர்னலுக்குச் சமம். விமானப்படையில் அதே நிலை குரூப் கேப்டன். உங்கள் மாப்பிள்ளைக்குச் சமமானவர் கடற்படையில் லெப்டினன்ட், விமானப்படையில் ஃப்ளைட் லெப்டினன்ட்.

அதனால் பெயருக்குக் கீழே ‘இந்திய ராணுவம்’, ‘இந்தியக் கடற்படை’ என்று கட்டாயம் போடுங்கள். தூத்துக்குடிப் பக்கம் இன்னொரு கேப்டனும் உண்டு, சரக்குக் கப்பல் கேப்டன். கடினமான, மதிப்பான வேலை, ஆனால் அது வணிகக் கப்பல் துறை. ‘மெர்ச்சன்ட் நேவி’யில் ‘நேவி’ இருப்பதால் கடற்படை என்று அச்சடித்துவிடாதீர்கள்.

இன்னொன்று. சிப்பாயாகச் சேர்ந்து சுபேதார் வரை வந்தவர்களில் சிலருக்கு, ஓய்வு பெறும் காலத்தை ஒட்டி குடியரசு நாளிலோ சுதந்திர நாளிலோ கௌரவ கேப்டன் பதவி கிடைக்கும். அவர்கள் பெயருக்கு முன்னால் ‘கௌரவ கேப்டன்’ என்றே முழுதாக அச்சடியுங்கள். இடமில்லை என்று ‘கௌரவ’த்தை எடுத்துவிட வேண்டாம். வாழ்நாள் சேவைக்குக் கிடைத்த சொல் அது.

கேள்வி (பள்ளி ஆசிரியை, குன்னூர்): பிபின் ராவத் எங்கள் ஊருக்குப் பக்கத்தில் விபத்தில் இறந்தபோது சிலர் ‘ராணுவத் தளபதி’ என்றும் சிலர் ‘முப்படைத் தலைமைத் தளபதி’ என்றும் எழுதினார்கள். எது சரி?

இரண்டாவது. அவர் 2019 டிசம்பர் 31 வரை தரைப்படைத் தளபதி. 2020 ஜனவரி 1 முதல் நாட்டின் முதல் முப்படைத் தலைமைத் தளபதி. விபத்து நடந்த 2021 டிசம்பர் 8 அன்று அந்தப் பொறுப்பில்தான் இருந்தார்.

தளபதி என்பது பொறுப்பு, ஜெனரல் என்பது பதவி. தரைப்படைத் தளபதி ஜெனரல், கடற்படைத் தளபதி அட்மிரல், விமானப்படைத் தளபதி ஏர் சீப் மார்ஷல், மூன்றும் சமம். ‘மார்ஷல்’ என்ற ஒலியை வைத்து முடிவு செய்யக் கூடாது. ஏர் மார்ஷல் என்பவர் லெப்டினன்ட் ஜெனரலுக்குச் சமம். ஃபீல்டு மார்ஷலோ எல்லாருக்கும் மேல். இந்தியாவில் இரண்டே பேர்: 1973இல் மானெக்சா, 1986இல் கரியப்பா. விமானப்படையில் அதற்கு இணையான பதவி 2002இல் அர்ஜன் சிங்குக்கு மட்டும் கிடைத்தது. ஃபீல்டு மார்ஷலுக்கு ஓய்வு கிடையாது, வாழ்நாள் முழுக்க அந்தப் பதவிதான். மானெக்சாவின் சமாதி உங்கள் உதகையில்தான் இருக்கிறது, பிள்ளைகளை ஒருமுறை கூட்டிப் போங்கள் அம்மா.

கேள்வி (கடைக்காரர், அரக்கோணம்): இங்கே ராஜாளியில் இருப்பவர்கள் விமானத்தில் பறக்கிறார்கள். ஆனால் கேட்டால் நேவி என்கிறார்கள். எப்படிச் சொல்வது?

ஐ.என்.எஸ். ராஜாளி கடற்படையின் விமானத் தளம். அங்கே பறப்பவர் ‘கடற்படை விமானி’. ஐ.என்.எஸ். என்று வந்தாலே கப்பல் என்று நினைக்க வேண்டாம். திருநெல்வேலி விஜயநாராயணத்தில் உள்ள ஐ.என்.எஸ். கட்டபொம்மன், நீர்மூழ்கிக் கப்பல்களோடு தொடர்பு கொள்ளும் நிலையம். கரையிலேயே வேலை செய்தாலும் அங்கிருப்பவர் கடற்படை வீரர்தான்.

இதற்கு எதிர்ப்பக்கப் பிழையும் உண்டு. விமானப்படையில் இருப்பவர் எல்லாரும் விமானி இல்லை. அங்கே விமானம் ஓட்டுபவர்கள் அதிகாரிகள். அதைப் பறக்கும் நிலையில் வைத்திருப்பவர்கள் கார்ப்பொரல், சார்ஜென்ட், வாரண்ட் ஆபீசர் நிலைகளில் உள்ள வீரர்கள். தாம்பரத்தில் பயிற்சி முடித்த எத்தனையோ பேர் அப்படித்தான். ‘மகன் பைலட்டா?’ என்று கேட்டு, இல்லை என்றதும் முகம் சுருங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த சார்ஜென்ட் சரியாக இருக்கிறது என்று கையெழுத்துப் போடாமல் விமானம் கிளம்பாது.

இந்தியத் தரைப்படையில் சார்ஜென்ட் என்ற பதவி இல்லை, ஹவில்தார்தான். அப்புறம், 2019இல் அபிநந்தன் பெயரோடு எல்லாருக்கும் பழகிய ‘விங் கமாண்டர்’ என்பது லெப்டினன்ட் கர்னலுக்குச் சமமான பதவிப் பெயர். அதைத் தளபதி என்று மொழிபெயர்க்க வேண்டாம், அப்படியே எழுதுங்கள்.

கேள்வி (சி.ஆர்.பி.எஃப். வீரரின் தம்பி, அரியலூர்): புல்வாமாவில் இறந்தவர்களை எல்லாரும் ராணுவ வீரர்கள் என்றார்கள். அண்ணனோ ‘நாங்கள் ராணுவம் இல்லை’ என்கிறார். என்ன சொல்வது சரி?

உங்கள் அண்ணன் சொல்வதுதான் சரி தம்பி. 2019 பிப்ரவரி 14 அன்று உயிர் கொடுத்த 40 பேரும் மத்திய ரிசர்வ் காவல் படையினர். பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் வருவது ராணுவம், உள்துறையின் கீழ் வருவது இவர்கள் படை. எல்லைப் பாதுகாப்புப் படை, இந்தோ-திபெத்திய எல்லைக் காவல் படை எல்லாம் இதே வகை. ‘துணை ராணுவம்’ என்று பேச்சில் சொல்கிறோம், முறையான பெயர் மத்திய ஆயுதக் காவல் படை. பதவிகளும் காவலர், தலைமைக் காவலர், உதவி ஆய்வாளர் என்று போகும், மேலே உதவி கமாண்டன்ட், கமாண்டன்ட்.

ராணுவம் என்று எழுதினால் மரியாதை கூடும் என்று நினைத்துத்தான் எழுதுகிறார்கள், கெட்ட எண்ணமில்லை. ஆனால் 1939இல் நீமச்சில் தொடங்கிய படை அது. 1965 ஏப்ரல் 9 அன்று கட்ச் பாலைவனத்தின் சர்தார் சாவடியில், எண்ணிக்கையில் தங்களைவிடப் பல மடங்கு பெரிய பாகிஸ்தான் படையை எதிர்த்து நின்றவர்கள் இந்தக் காவலர்கள். அந்தத் தியாகத்தை எடுத்து இன்னொரு படையின் கணக்கில் எழுத நமக்கு உரிமை இல்லை. ராணுவத்தில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், எங்களுக்கும் அது வேண்டாம்.

கேள்வி (மீனவர், ராமேசுவரம்): கோஸ்ட் கார்டும் நேவியும் மரைன் போலீசும் ஒன்றா?

மூன்றும் வேறு. கோஸ்ட் கார்டு என்பது இந்தியக் கடலோரக் காவல்படை. பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் தனிப் படை, அதன் வீரருக்கு ‘நாவிக்’ என்று பெயர். மரைன் போலீஸ் மாநிலக் காவல்துறையின் கடலோரப் பாதுகாப்புக் குழுமம். புகார் மனு எழுதும்போது இதைப் பிரித்து எழுதுங்கள், இல்லாவிட்டால் மனு போக வேண்டிய இடத்துக்குப் போகாது.

கேள்வி (மொழிபெயர்ப்பாளர், யாழ்ப்பாணம்): நாங்கள் ‘கேணல்’ என்று எழுதுகிறோம், நீங்கள் ‘கர்னல்’ என்கிறீர்கள். அமெரிக்க ‘மெரைன்’களுக்கு என்ன எழுதலாம் ஐயா?

கேணல் தவறே இல்லை. இலங்கைத் தமிழில் நிலைத்த வடிவம் அது, அங்குள்ள வாசகருக்கு அதையே எழுதுங்கள். உங்கள் பக்கம் ‘கடற்படைச் சிப்பாய்’ என்று எழுதுவதையும் பார்த்திருக்கிறேன். இந்தியக் கடற்படையில் சிப்பாய் என்ற பதவி கிடையாது என்பதால், எங்கள் செய்தியை எழுதும்போது மட்டும் ‘மாலுமி’ என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

மெரைன்களைக் ‘கடற்படையினர்’ என்று எழுதக் கூடாது. அமெரிக்கக் கடற்படைத் துறைக்குள் இருந்தாலும் அது தனிப் படை. ‘மெரைன் படையினர்’ என்பதே தெளிவு. அமெரிக்க விண்வெளிப் படையினருக்கு 2020 டிசம்பரில் ‘கார்டியன்’ என்று பெயர் வைத்தார்கள். அதைக் காவலர் என்று மொழிபெயர்த்தால் போலீஸ் ஆகிவிடும், ‘விண்வெளிப் படையினர்’ போதும்.

கேள்வி (வங்கி ஊழியர், மதுரை): ஓய்வு பெற்றவரை எப்படி எழுதுவது? பெண் அதிகாரிக்குப் பதவிப் பெயர் மாறுமா?

ஓய்வு பெறுவது ஆள், பதவி இல்லை என்பது படையில் வழக்கு. அதனால் பதவி, பெயர், கடைசியில் ‘(ஓய்வு)’. பதவிக்கும் பெயருக்கும் நடுவில் ‘ஓய்வு’ வேண்டாம். பெண்களுக்குப் பதவிப் பெயர் மாறாது. மேஜர் மேஜர்தான்.

கேள்வி (தாய், வேலூர் மாவட்டம்): மகன் அக்னிவீராகச் சேர்ந்திருக்கிறான். ‘நாலு வருசம்தானே, அவன் முழு மிலிட்டரி இல்லை’ என்று அக்கம்பக்கத்தில் சொல்கிறார்கள். அவனுக்குக் கடிதம் போடும்போது பெயருக்கு முன்னால் என்ன எழுதுவது?

அப்படிச் சொல்வதைக் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள் அம்மா. 2022 ஜூனில் அறிவித்த திட்டம் இது. நாலு வருடம் பணி, அதில் நாலில் ஒரு பங்கு வரை தொடர எடுத்துக்கொள்வார்கள். எத்தனை வருடம் என்பது வேலை ஒப்பந்தம். சீருடை போட்டுக் காவலுக்கு நிற்கிற ஒவ்வொரு நாளும் உங்கள் மகன் முழுப் படைவீரர்தான்.

பதவி ‘அக்னிவீர்’ என்றே எழுதுங்கள், சிப்பாய் என்று இப்போது எழுத வேண்டாம். விமானப்படையாக இருந்தால் ‘அக்னிவீர்வாயு’. உறையில் முதலில் அவருடைய படை எண், அடுத்து அக்னிவீர், அடுத்து பெயர். கீழே யூனிட் பெயர், அதற்கும் கீழே 56 ஏ.பி.ஓ. அல்லது 99 ஏ.பி.ஓ. (ஏ.பி.ஓ. என்றால் ராணுவ அஞ்சலகம்), மகன் எதைச் சொன்னாரோ அது. 9இல் தொடங்கும் ஆறு இலக்க அஞ்சல் எண்ணையும் மகனிடமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஊர்ப் பெயர் எழுத வேண்டாம்.