இம்பாக்ட் என்று கேட்டால் கடையில் எதைக் கொடுப்பார்கள்?

கேள்வி: வீட்டில் வயர் வைத்த 13 மி.மீ. டிரில்லிங் மெஷின் இருக்கிறது. சமையலறை அலமாரித் தட்டுகள், வராந்தாவுக்கு ஒரு மரப் பெஞ்சு, மாடியில் துணி காயப்போடும் இடத்துக்கு மேல் சின்ன ஷீட் கூரை எல்லாம் நானே செய்ய ஆசை. கார்ட்லெஸ் இம்பாக்ட் டிரைவர் சிறியதாக ஒன்று வாங்கப் போனால், இம்பாக்ட் என்று வேறு எதையோ எடுத்து நீட்டுகிறார்கள். 12 வோல்ட் போதுமா, 20 வோல்ட் வேண்டுமா?
— வாசகர், ஈரோடு

பதில்: கடைக்காரர் மேல் தப்பில்லை, பெயர்தான் குழப்புகிறது. நம் ஊர்க் கடைகளில் இம்பாக்ட் டிரில் என்றால் சுவரில் ஓட்டை போடும் மெஷின். உங்களிடம் இருப்பதே அநேகமாக அதுதான். சுத்தியல் படம் போட்ட ஒரு சுவிட்ச் அதில் இருக்கிறதா பாருங்கள். இருந்தால், சுவருக்கான வேலைக்கு நீங்கள் புதிதாக எதுவும் வாங்க வேண்டாம்.

நீங்கள் தேடுவது ஸ்க்ரூ முடுக்கும் கருவி. கோவையில் 22 வருடம் கருவிகளைப் பழுது பார்க்கும் மேசையில் இருந்தவன் நான். இதன் முன்பக்க மூடியைக் கழற்றினால், கிரீஸுக்குள் கெட்டியான ஒரு ஸ்பிரிங், அதன் முன்னால் கனமான ஓர் இரும்பு உருளை, அதில் இரண்டு காதுகள். எதிரே, பிட் (ஸ்க்ரூ தலையில் பொருந்தும் முனை) மாட்டும் தண்டிலும் இரண்டு காதுகள். ஸ்க்ரூ லேசாக இறங்கும் வரை காதோடு காது சேர்ந்து ஒன்றாகச் சுற்றும். ஸ்க்ரூ இறுக ஆரம்பித்ததும் உருளை ஸ்பிரிங்கை அமுக்கிக்கொண்டு பின்னால் போய், தடுத்த காதைத் தாண்டி, அடுத்த காதில் ஓங்கி அடிக்கும். ஒரு சுற்றுக்கு இரண்டு அடி. நிமிடக் கணக்கில் மூவாயிரத்தைத் தாண்டும். டகடகவென்று வருகிற சத்தம் இதுதான்.

அடி விழுவது சுற்றுவாக்கில், முன்னோக்கி இல்லை. அதனால் இதை வைத்துக் கான்கிரீட்டைத் துளைக்க முடியாது. ஆனால் மரத்தில் 75 மி.மீ. ஸ்க்ரூவை ஒரே கையால் இறக்கலாம், மணிக்கட்டு முறுக்காது. சாதாரண டிரில்லில் ஸ்க்ரூ சிக்கிக்கொண்டால் மெஷினே கையைத் திருப்பும். ஏணியில் நிற்கும்போது அது ஆபத்து.

கடையில் பெயரைச் சொல்லிக் கேட்காதீர்கள், மூக்கைப் பாருங்கள். துளைக்கும் பிட்டைக் கவ்விப் பிடிக்கும் மூன்று தாடை சக் இருந்தால் அது டிரில். அரை அங்குலச் சதுரக் கம்பி நீட்டிக்கொண்டிருந்தால் வண்டிச் சக்கர நட்டு கழற்றுவது. இழுத்தால் வரும் ஒரு வளையமும், உள்ளே கால் அங்குல அறுகோணத் துளையும் இருந்தால் அதுதான் உங்களுக்கு வேண்டியது.

சரி, வோல்ட்டுக்கு வருவோம். லித்தியம் செல் ஒன்று சராசரியாக 3.6 வோல்ட். மூன்று செல் சேர்த்தால் 10.8, முழுச் சார்ஜில் இருக்கும்போது உள்ள கணக்கை வைத்து 12 என்று எழுதுகிறார்கள். ஐந்து செல் சேர்த்தால் 18. அதையே 20 என்றும் 21 என்றும் எழுதுகிறார்கள். ஆகவே 18க்கும் 20க்கும் வித்தியாசம் தேடி அலைய வேண்டாம். இணையத்தில் 48, 88 என்று எண் போட்டு மலிவாக விற்பவற்றில் பல என் மேசைக்கு வந்திருக்கின்றன. பேட்டரியைத் திறந்தால் உள்ளே அதே ஐந்து செல்.

12 வோல்ட் வகையில் முறுக்குவிசை பெரும்பாலும் 100 நியூட்டன் மீட்டரை ஒட்டி இருக்கும். ஒரு மீட்டர் நீளக் கம்பியின் நுனியில் 10 கிலோவைத் தொங்கவிட்டால் வரும் முறுக்கு அது. தட்டுகளுக்கும் பெஞ்சுக்கும் தாராளம். பேட்டரியோடு சேர்த்து ஏறத்தாழ ஒரு கிலோ எடைதான். அலமாரிக்குள் வேலை செய்யும்போது பலத்தைவிட நீளம் முக்கியம்: கருவி 14 செ.மீ., பிட் 5, ஸ்க்ரூ 4 என்றால் 23 செ.மீ. ஆயிற்று. இரண்டு தட்டுக்கு நடுவே 25 செ.மீ. இடம் இருந்தால் மிச்சம் விரல் நுழையும் அளவுதான். டேப்பை எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

உங்கள் பட்டியலில் கூரை ஒன்றுதான் 18 வோல்ட்டைக் கேட்கிறது. 2 ஆம்பியர் மணி பேட்டரி 10.8 வோல்ட்டில் தரும் மொத்தச் சக்தி 21.6 வாட் மணி. 18 வோல்ட்டில் 36. சதுர இரும்புக் குழாயில் செல்ஃப் டிரில்லிங் ஸ்க்ரூ (தானே துளை போட்டுக்கொண்டு இறங்குவது) இறக்கும்போது சின்னப் பேட்டரி சீக்கிரம் தீரும். ஆனாலும் சின்னக் கூரைதானே, ஐம்பது அறுபது ஸ்க்ரூ என்றால் இரண்டு பேட்டரியை மாற்றி மாற்றிப் போட்டு முடித்துவிடலாம். நான் உங்கள் இடத்தில் இருந்தால் இரண்டு பேட்டரியோடு 12 வோல்ட்டைத்தான் வாங்குவேன். கார்பன் பிரஷ் இல்லாத மோட்டார் கொஞ்சம் கூடுதல் விலையில் கிடைத்தால் அதையே எடுங்கள். அதே சார்ஜில் கூடுதல் நேரம் ஓடும். கையில் பிடித்து ஒரு தடவை டிரிகரை மெல்ல அழுத்திப் பாருங்கள். அழுத்தத்துக்கு ஏற்ப வேகம் படிப்படியாக ஏற வேண்டும். தொட்டவுடன் பாய்ந்தால் வேண்டாம். அப்புறம், அந்தக் கம்பெனிக்கு ஈரோட்டிலேயே சர்வீஸ் இருக்கிறதா, பேட்டரி மட்டும் தனியாகக் கிடைக்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கூரை ஸ்க்ரூவின் ரப்பர் வாஷர் லேசாக வெளியே பிதுங்கியதும் விரலை எடுத்துவிடுங்கள். இன்னும் இரண்டு அடி விழுந்தால் ரப்பர் கிழியும், முதல் மழையிலேயே ஒழுகும். காதுக்கு அடைப்பான் போட்டுக்கொள்வதும் அவசியம்.

சமையலறைக் கதவுக் கீல்களை மட்டும் கைத் திருப்புளியால் முடுக்குங்கள். என் வீட்டில் அவசரப்பட்டு இம்பாக்ட்டை வைத்தேன். பார்ட்டிகிள் போர்டில் மரை அரைத்துப் போய், கதவு ஒரே வாரத்தில் தொங்கிவிட்டது. மருந்து நீக்கிய தீக்குச்சிகளை ஃபெவிகாலில் தோய்த்து ஓட்டைக்குள் திணித்து, ஒரு ராத்திரி காயவிட்டு, மறுபடி முடுக்கினேன். இன்றும் நிற்கிறது.

கேள்வி: இம்பாக்ட் டிரைவர் வாங்கிய பிறகு கருப்பு ஸ்க்ரூக்களின் தலை அடிக்கடி முறிகிறது. கருவியின் கோளாறா?
— வாசகி, நாகர்கோவில்

பதில்: இல்லை. கருப்பு ஸ்க்ரூ ஜிப்சம் போர்டுக்காகச் செய்தது. கடினமாக இருக்கும், ஆனால் வளையாது. அடி தாங்காமல் ஒடிந்துவிடும். விலை குறைவு என்று நம் ஆசாரிமார் எல்லாவற்றுக்கும் அதையே போட்டுப் பழகிவிட்டார்கள். மஞ்சள் முலாம் பூசிய மர ஸ்க்ரூவாக வாங்குங்கள். தேக்கு, பலா போன்ற மரத்தில் 4 மி.மீ. ஸ்க்ரூவுக்கு முதலில் 3 மி.மீ. துளை போட்டு, மரையில் மெழுகுவர்த்தியைத் தேய்த்து இறக்குங்கள். பிட்டும் இம்பாக்ட்டுக்கென்றே விற்பதாக இருக்கட்டும். அதன் நடுப்பகுதி ஒல்லியாக இருக்கும். அடி விழும்போது அந்த இடம் சற்று முறுக்கிக்கொடுத்து நுனியைக் காப்பாற்றும்.

கேள்வி: ஒரு வருடம் மாடி அறையில் வைத்திருந்த பேட்டரியில் இப்போது சார்ஜ் ஏறவில்லை. வேறு பேட்டரியோடு வயரால் இணைத்து உயிர் கொடுக்கலாம் என்கிறார் நண்பர். செய்யலாமா?
— வாசகர், மதுரை

பதில்: தயவுசெய்து வேண்டாம். சும்மா வைத்திருந்தாலும் சார்ஜ் மெல்ல இறங்கும். ஓர் அளவுக்குக் கீழே போய்விட்டால் செல் உள்ளுக்குள் கெட்டிருக்கும் என்றுதான் சார்ஜர் அதை ஏற்க மறுக்கிறது. அதை ஏமாற்றிச் சார்ஜ் ஏற்றினால் தீப்பிடிக்கலாம். சர்வீஸ் சென்டரில் காட்டுங்கள். போயிற்று என்றால் குப்பையில் போடாமல் மின்கழிவு வாங்குபவரிடம் கொடுத்துவிடுங்கள். அடுத்த பேட்டரியைப் பாதிச் சார்ஜில், வீட்டிலேயே குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். சித்திரை வெயிலில் காயும் மாடி அறை அதற்கு ஆகாது.